முராபஹா பத்திரத்தில் ‘ரிப்ஹ்’ வந்தால் ஆங்கிலத்தில் என்ன போடுவது?

ரோலா டைப்பிஸ்ட்:

அஸ்ஸலாமு அலைக்கும். ஷார்ஜா ரோலாவில் ஒரு டைப்பிங் சென்டரில் எட்டு மாதமாக வேலை பார்க்கிறேன். மதரஸாவில் படித்த அரபி கொஞ்சம் தெரியும் என்பதால், அரபிப் பேப்பர்களை ஆங்கிலத்தில் அடிக்கிற வேலை என் தலையில் விழுந்துவிட்டது. முத்திரை வைப்பவர் லைசென்ஸ் உள்ள மொழிபெயர்ப்பாளர். முதல் வரைவு மட்டும் என்னுடையது.

நேற்று ஒரு கார் பத்திரம் வந்தது, இஸ்லாமிய வங்கியின் ‘முராபஹா’ முறையில் தவணைக்கு எடுத்த கார். காரின் விலை 60,000 திர்ஹம், அதற்கு மேல் ‘ரிப்ஹ்’ 9,000. மொத்தம் 69,000, 48 தவணை, மாதம் 1,437.50. ரிப்ஹுக்கு ‘இன்ட்ரெஸ்ட்’ என்று அடித்தேன். மொழிபெயர்ப்பாளர் சிவப்புப் பேனாவால் சுழித்துத் திருப்பி அனுப்பிவிட்டார். கடைசிப் பக்கத்தில் ‘கஃபீல்’ கையெழுத்து என்று இருந்ததை ‘ஸ்பான்சர்’ என்று போட்டேன். அதற்கும் ஒரு சுழி. ஏன் என்று கேட்டால் ‘படித்துப் பார்’ என்கிறார். கணக்குப்படி பார்த்தால் அது வட்டிதானே? ஃபாயிதா, ரிப்ஹ், ஆயித் மூன்றையும் எப்படிப் பிரிப்பது?

தேரா வாசி:

எங்கள் கடையில் எல்லாவற்றுக்கும் இன்ட்ரெஸ்ட்தான். இதுவரை யாரும் கேட்டதில்லை.

பழைய லெட்ஜர்:

வஅலைக்கும் ஸலாம் தம்பி. ஜித்தாவில் ஒரு வங்கியில் 22 வருடம் இந்தக் காகிதங்களோடு மாரடித்தவன் நான். யாரும் கேட்டதில்லை என்றால், அந்தப் பேப்பர் இன்னும் கோர்ட்டுக்குப் போகவில்லை என்று அர்த்தம்.

முராபஹாவில் வங்கி உங்களுக்குப் பணம் தருவதில்லை. காரை முதலில் தன் பெயரில் வாங்குகிறது, பிறகு 69,000-க்கு உங்களிடம் விற்கிறது. அந்த 9,000 வியாபார லாபம். தவணை தாமதமானாலும் விலை 69,000-தான், குட்டி போடாது. அதனால் ‘ப்ராஃபிட்’ என்று அடியுங்கள். முராபஹாவை முராபஹா என்றே விடுங்கள். இஸ்லாமிய நிதி நிறுவனங்களுக்குத் தரநிலை வகுக்கிற அமைப்பு அயோஃபி, பஹ்ரைனில் இருக்கிறது. அதன் ஷரீஆ தரநிலைகளில் எட்டாவது இதைப் பற்றியதுதான். அதன் ஆங்கிலப் பதிப்பிலும் அதே பெயர்தான்.

கணக்குப்படி எல்லாம் ஒன்றுதான் என்று நீங்கள் நினைக்கலாம், அதை டீக்கடையில் பேசிக்கொள்ளலாம். ஆனால் அரபியில் ‘விற்றேன்’ என்று சொன்ன வங்கியை ஆங்கிலத்தில் ‘வட்டிக்கு விட்டேன்’ என்று சொல்ல வைக்கிற உரிமை டைப் அடிப்பவருக்கு இல்லை.

ஃபாயிதா என்று வந்தால் தயங்காமல் இன்ட்ரெஸ்ட். ஆயித் என்பது முதலீட்டில் கிடைக்கிற வருமானம், ‘ரிட்டர்ன்’. சவூதிக் காகிதம் வந்தால் மட்டும் கவனம். அங்கே பல வங்கிகள் ஃபாயிதா என்ற சொல்லையே தொடாது, ‘உமூலா’ என்று எழுதும். அவற்றின் ஆங்கில ஆண்டறிக்கையிலும் ‘ஸ்பெஷல் கமிஷன் இன்கம்’ என்றுதான் இருக்கும். அதையே எடுத்துப் போட்டுவிடுங்கள், நீங்களாகத் திருத்த வேண்டாம்.

கஃபீல் என்றதும் நமக்கு விசாவும் இகாமாவும் (தங்கும் அனுமதி)தான் ஞாபகம் வரும். கடன் பத்திரத்தில் அவர் ஜாமீன்தாரர், ‘கேரன்டர்’. நம் ‘ஜாமீன்’கூட அரபியில் பொறுப்பேற்பவரைக் குறிக்கிற ‘ளாமின்’தான், ஊர் சுற்றி வந்திருக்கிறது. ‘அசல்’ என்பதும் அப்படித்தான். ‘அஸ்லுத் தைன்’ என்றால் கடனின் அசல், பிரின்சிபல். ஆனால் ஜெராக்ஸ் மேல் ‘திப்கல் அஸ்ல்’ என்று முத்திரை இருந்தால் அது ‘ட்ரூ காபி’. பன்மையில் ‘உஸூல்’ என்று வந்தாலோ சொத்துகள்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். சேர்ந்த புதிதில் கோர்ட்டிலிருந்து ‘ஹஜ்ஸ் அலல் ஹிஸாப்’ என்று ஒரு கடிதம். எனக்குத் தெரிந்த ஹஜ்ஸ் விமான டிக்கெட் புக்கிங்தான். ‘அக்கவுன்ட் புக்கிங்’ என்று எழுதி நீட்டினேன். கணக்கை முடக்கச் சொன்ன உத்தரவு அது, ‘அட்டாச்மென்ட்’. மேலதிகாரி சூடான்காரர். ஒரு மாதம் என்னைப் பார்க்கும்போதெல்லாம் ‘ஜன்னல் சீட்டா?’ என்று கேட்டார்.

சால்மியா லாத்தா:

குவைத்திலிருந்து எழுதுகிறேன். சொல்லில் தப்பு வந்தால் யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள், எண்ணில் தப்பினால் பணம் போய்விடும். இங்கே ஒரு தினாருக்கு 1000 ஃபில்ஸ். அதனால் புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம். 250.500 என்பது இருநூற்றைம்பதரை தினார். ஊரிலிருந்து புதிதாக வந்த பையன் ஒருவன் அதை 2,50,500 என்று அடித்துவிட்டான், பாவம். அரபி எண்களில் ஐந்து நம் சைபர் மாதிரி வட்டமாக இருக்கும், சைபர் வெறும் புள்ளி. மங்கலான ஃபேக்ஸ் என்றால் கேட்கவே வேண்டாம். நான் எப்போதும் எழுத்தால் எழுதிய தொகையை முதலில் படிப்பேன். ‘ஃபகத் லா ஙைர்’ என்று முடியும், நாம் செக்கில் ‘மட்டும்’ போடுகிற மாதிரி. அதற்கு அப்புறம்தான் எண்ணைப் பார்ப்பேன்.

ரோலா டைப்பிஸ்ட்:

ஜஸாக்கல்லாஹ் காக்கா, லாத்தா. சிவப்புச் சுழி இப்போது புரிகிறது. இன்னொன்று. ஒருவருடைய பேங்க் ஸ்டேட்மென்ட்டில் ‘ஹவாலா வாரிதா’ என்று ஐந்து இடத்தில் இருந்தது. பெயர்ச்சொல்தானே என்று ‘ஹவாலா’ என்றே ஆங்கிலத்திலும் விட்டேன். கனடா விசாவுக்குக் கொடுக்கப் போகிறாராம். பரவாயில்லையா?

பழைய லெட்ஜர்:

அட தம்பி! அரபியில் அது சாதாரணப் பணப் பரிமாற்றம். ‘வாரிதா’ என்றால் உள்ளே வந்தது, ‘இன்கமிங் ட்ரான்ஸ்ஃபர்’. ‘ஸாதிரா’ என்றால் வெளியே போனது. ஆங்கிலத்தில் ‘ஹவாலா’ என்று படிக்கிற அதிகாரிக்கு, வங்கிக்கு வெளியே கள்ளத்தனமாகப் பணம் அனுப்புகிற நம் ஊர் உண்டியல்தான் தோன்றும். ஐந்து மாதச் சம்பளத்தையும் கள்ளப் பணமாக்கி வைத்திருக்கிறீர்கள். முதலில் அதை மாற்றுங்கள்.

ரோலா டைப்பிஸ்ட்:

காலையிலேயே வாங்கிக்கொண்டு போய்விட்டார் காக்கா. போன் அடித்துக்கொண்டே இருக்கிறேன், எடுக்க மாட்டேன் என்கிறார்.