மேல்மாடி அறைக்கு எந்த மின்விசிறி? சீலிங் ஃபேன் அனலைத்தானே இறக்குகிறது!

மேல்மாடிவாசி:
எங்களுடையது கடைசி மாடி. தலைக்கு மேல் கான்கிரீட் தளம், அதற்கு மேல் வெயில்தான். படுக்கையறை சீலிங் ஃபேனுக்குப் பன்னிரண்டு வயது. இப்போது ரெகுலேட்டரை ஐந்தில் வைத்தாலும் இறக்கைகளை எண்ணிவிடலாம், அவ்வளவு மெதுவாகச் சுற்றுகிறது. என் குறை அது மட்டுமல்ல. நன்றாகச் சுற்றிய காலத்திலேயே இரவு பத்து மணிக்குப் போட்டால் மேலிருந்து அனலைத்தான் இறக்கும். இதைக் கழற்றிவிட்டு குறைந்த மின்சாரத்தில் ஓடுமாமே, அந்த பி.எல்.டி.சி. (பிரஷ் இல்லாத காந்த மோட்டார்) சீலிங் ஃபேன் வாங்குவதா, பெடஸ்டல் ஃபேன் வாங்குவதா, அல்லது தூண் மாதிரி ஒல்லியாக நிற்கிறதே, அந்த டவர் ஃபேனா? அறை பத்துக்குப் பன்னிரண்டு அடி. ஒரு ஜன்னல், ஒரு கதவு. கதவுக்கு வெளியே கூடத்தில் இன்னொரு ஜன்னல். எழுபத்தைந்து வயதான அம்மாவும் அதே அறையில்தான் தூங்குகிறார்.

கணக்கர்:
இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை, பி.எல்.டி.சி. வாங்குங்கள். பழைய இண்டக்‌ஷன் மோட்டார் ஃபேன் முழு வேகத்தில் 75 வாட் அளவுக்கு இழுக்கும். அதே 1200 மி.மீ. அளவில் பி.எல்.டி.சி. ஃபேன் ஏறக்குறைய அதே காற்றை 30 வாட்டில் தருகிறது. நாளுக்குப் பத்து மணி நேரம் என்றால் 0.75 யூனிட்டுக்குப் பதில் 0.3 யூனிட். வருடத்தில் முந்நூறு நாள் ஓடினால் 135 யூனிட் மிச்சம், அதுவும் ஒரே ஒரு ஃபேனில். மின்சாரம் போனால் இன்வெர்ட்டர் பேட்டரியில் இரண்டு மடங்குக்கு மேல் நேரம் தாங்கும்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். பெட்டியில் வாட்டை மட்டும் பார்த்து மயங்கிவிடாதீர்கள். நிமிடத்துக்கு எத்தனை கன மீட்டர் காற்று என்றும் போட்டிருப்பார்கள். 1200 மி.மீ. ஃபேனில் அது 210க்குக் கீழே இருந்தால் அடுத்த பெட்டியைப் பாருங்கள். காற்றைக் குறைத்துவிட்டு வாட்டைக் குறைப்பது யாராலும் முடியும். காற்றை வாட்டால் வகுத்து வரும் எண்தான் உண்மையான மதிப்பெண்.

ஜன்னலோரம்:
கணக்கரே, அவர் அனல் இறங்குகிறது என்கிறார். அதே அனலைக் குறைந்த வாட்டில் இறக்கித் தருகிறேன் என்கிறீர்கள் நீங்கள்!

பகல் முழுக்க வெயிலைக் குடித்த கான்கிரீட், சில மணி நேரம் கழித்துத்தான் அதை அறைக்குள் விட ஆரம்பிக்கிறது. நாம் பாயை விரிக்கும் நேரமும் அதுதான். சூடான காற்று கூரையை ஒட்டி நிற்கும். அதைக் கலக்கி நம் தலையில் கொட்டுகிறது சீலிங் ஃபேன். அதே நேரம் வெளியே காற்று ஆறியிருக்கும், ஆனால் உள்ளே வர ஆள் இல்லை. அந்த அறைக்கு வேண்டியது வெளிக்காற்றை மாற்றித் தரும் விசிறி. பெடஸ்டலோ டேபிள் ஃபேனோ, எங்கே வேண்டுமானாலும் நகர்த்தி வைக்கக்கூடிய ஒன்று.

கணக்கர்:
எந்த ஃபேனும் காற்றைக் குளிர்விப்பதில்லை. மோட்டார் எடுக்கும் வாட் கடைசியில் அறைக்குள்தான் வெப்பமாகச் சேர்கிறது, அந்த வகையில் 75 வாட்டைவிட 30 வாட்டே நல்லது. ஃபேன் குளிர்விப்பது நம்மை. தோலை ஒட்டி வெதுவெதுப்பாக ஈரத்தோடு நிற்கும் காற்றுப் படலத்தைக் களைந்துவிட்டு வியர்வையைக் காயவைக்கிறது. இரண்டு பேர் படுக்கும் அறையில் இருவருக்கும் சீராகக் காற்று தருவது மேலே தொங்குவது மட்டும்தான். பெடஸ்டலைத் தலையாட்ட விட்டால் காற்று பாதி நேரம் சுவருக்குப் போகும். தலையாட்டாமல் நிறுத்தினால் ஒருவருக்குச் சளி, இன்னொருவருக்குப் புழுக்கம்.

கூரையடிக் காற்றைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஃபேன் போட்ட கொஞ்ச நேரத்தில் அறைக்காற்று முழுவதும் கலந்து ஒரே சூடாகிவிடும். முதல் சில நிமிட அனலை வைத்து ஃபேனுக்குத் தண்டனை கொடுக்காதீர்கள்.

ஜன்னலோரம்:
கலந்து ஒரே சூடாகிவிடும் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். எந்தச் சூட்டில்? கூரை சூடாக இருக்கும்வரை, அதன் அடியில் ஓடும் காற்று அந்தச் சூட்டைத் துடைத்துத் துடைத்துக் கீழே கொண்டுவந்துகொண்டே இருக்கும். காற்று அசைந்தால் வெப்பம் வேகமாகக் கைமாறும் என்பது தோலுக்கு மட்டும் பொருந்தி, கான்கிரீட்டுக்குப் பொருந்தாமல் போகுமா?

காயில்காரர்:
இருவரும் சற்று நிறுத்துங்கள். முப்பது வருடமாக ஃபேன் காயில் கட்டியவன் நான். முதல் பதிவில் ஒரு நோய்க்குறி இருக்கிறது, அதை யாரும் கேட்கவில்லை.

தம்பி, வேகம் ஒரே நாளில் குறைந்ததா, மாதக் கணக்கில் மெல்ல மெல்லக் குறைந்ததா? போட்டவுடன் சுற்றாமல் குச்சியால் தள்ளிவிட வேண்டியிருக்கிறதா? மெல்லக் குறைந்திருந்தால் நூற்றுக்குத் தொண்ணூறு கண்டென்சர்தான். அந்த மோட்டாரில் இரண்டு கம்பிச் சுற்று உண்டு. ஒன்றுக்கு நேரடியாக மின்சாரம், மற்றதற்குக் கண்டென்சர் வழியாகக் கட்டம் தள்ளிய, அதாவது அலை சற்று விலகி வரும் மின்சாரம். கண்டென்சர் வயதாகி வலுக்குறைந்தால் இரண்டாவது சுற்று சோர்ந்துவிடும், ஃபேனும் சோர்ந்துவிடும். பழையதில் எழுதியிருக்கும் அதே அளவை வாங்குங்கள். பெரும்பாலும் 2.5 மைக்ரோஃபாரடாக இருக்கும். பெரியதைப் போட்டால் வேகம் கூடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், காயில் சூடேறிக் கருகும். மாற்றும்போது சுவிட்சை மட்டும் நம்பாமல் மெயினை இறக்குங்கள். கழற்றிய கண்டென்சரில் மின்சாரம் தங்கியிருக்கலாம், அதன் ஒயர் முனைகளை வெறும் கையால் தொடக் கூடாது.

இறக்கைகளின் முன்விளிம்பில் படிந்த அழுக்கையும் துடையுங்கள். அதுவும் காற்றைத் தின்னும்.

கணக்கர்:
ஐயா, அனுபவத்துக்கு வணக்கம். ஆனால் கண்டென்சரை மாற்றினால் மறுபடி 75 வாட் ஃபேன்தானே கிடைக்கும்? வேகத்தைக் குறைத்தால் மின்சாரமும் மிச்சமாகும் என்று நினைப்பார்கள். இறக்கைக் கணக்குப்படி வேகம் பாதியானால் தேவைப்படும் ஆற்றல் எட்டில் ஒன்றுதான். ஆனால் பழைய பெட்டி ரெகுலேட்டரில் மிச்சமாக வேண்டியதில் ஒரு பங்கு சுவரிலேயே சூடாகப் போகிறது, மோட்டாருக்குள்ளும் இழப்பு உண்டு. பி.எல்.டி.சி.யில் கடைசி வேகத்துக்கு இறக்கினால் சில வாட்தான். விடியற்காலையில் அந்த வேகம்தான் வேண்டும்.

காயில்காரர்:
கணக்கு சரி. பழுதானால் என்ன செய்வீர்கள்? பழைய ஃபேனில் கெடுவது மூன்றே சாமான்: கண்டென்சர், பேரிங், காயில். மூன்றையும் எந்தத் தெரு மெக்கானிக்கும் மாற்றுவான். உங்கள் பி.எல்.டி.சி. ஃபேனின் மூளை ஒரு சர்க்யூட் பலகை. ஒரு இடிமின்னலில் அது போனால் முழுப் பலகையையும் மாற்ற வேண்டும். அந்த மாடலுக்கு அந்தப் பலகைதான் பொருந்தும். ஐந்து வருடம் கழித்து அதே பலகை கிடைக்கும் என்று எழுதித் தருவார்களா? காந்தமும் இறக்கையும் நன்றாக இருக்கும்போதே ஃபேன் பரணுக்குப் போகும். என் பட்டறையில் அப்படி ஏழெட்டுக் கிடக்கின்றன.

ரிமோட் தலையணைக்கு அடியில் தொலையும் கதையைத் தனியாக வைத்துக்கொள்கிறேன்.

கணக்கர்:
நியாயமான கேள்விதான். அதனால்தான் உத்தரவாதக் காலத்தையும் உதிரிபாகம் கிடைப்பதையும் கேட்டுவிட்டு வாங்கச் சொல்கிறேன். இன்னொன்றும் உண்டு: பி.எல்.டி.சி. வாங்கினால் சுவரில் இருக்கும் பழைய ரெகுலேட்டரை எடுத்துவிட வேண்டும். பலர் அதை விட்டுவைத்து, அதை வேறு திருகி, பலகையைத் தாங்களே கொன்றுவிட்டுக் கம்பெனியைத் திட்டுகிறார்கள். உங்கள் ஏழெட்டில் அப்படி எத்தனை ஐயா?

காயில்காரர்:
இரண்டு இருக்கும். மற்றவை மின்னல்.

இரவுப்பணி:
செவிலியராக வேலை பார்க்கிறேன். ஃபேன் சண்டையில் எனக்குக் கட்சி இல்லை, அம்மாவுக்காக எழுதுகிறேன். காற்று தோலைவிடச் சூடாக இருந்தால் ஃபேன் நம் மேல் வெப்பத்தைத் தள்ளுகிறது. அப்போது நம்மைக் காப்பது வியர்வை காய்வது மட்டும்தான். வயதானவர்களுக்கு வியர்வை குறைவு, தாகமும் தெரியாது. அறைக்குள் 40 டிகிரியைத் தாண்டினால் ஃபேனை நம்ப வேண்டாம் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அதற்குக் கீழேயும், அம்மாவின் கைகால், கழுத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டுக் காற்று படச் செய்யுங்கள். ஈரத்தைத் துணி கொடுத்துவிடுவதால் வியர்வைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

கணக்கர்:
40 டிகிரி என்று ஒரே கோடு போட முடியாது. 2019இல் சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள். 40 டிகிரி, 50 சதவீத ஈரப்பதத்தில் ஃபேன் உதவியது. 47 டிகிரி, 10 சதவீத ஈரப்பதத்தில் நிலைமையை மோசமாக்கியது. வறண்ட வெக்கையில் வியர்வை எப்படியும் தானே காய்ந்துவிடும், ஃபேன் அங்கே சூட்டை மட்டும்தான் கூட்டும்.

இரவுப்பணி:
அந்தச் சோதனையில் உட்கார்ந்திருந்தவர்கள் ஆரோக்கியமான இளைஞர்கள். எழுபத்தைந்து வயதுக்கு நான் 40 என்றே வைத்துக்கொள்வேன்.

ஜன்னலோரம்:
டவர் ஃபேனை யாரும் தொடவில்லை, நானே முடித்துவிடுகிறேன். இடம் குறைவாக எடுக்கும், பார்க்க அழகு. உள்ளே சுற்றுவது உருளை, மற்ற ஃபேன்கள் தரும் அளவு காற்றை அதனிடம் எதிர்பார்க்க முடியாது. தூசி உள்ளே போனால் துடைப்பதும் கடினம். இறக்கையே இல்லாத ஃபேன் என்று 2009இல் டைசன் கொண்டுவந்ததிலும் அடிப்பாகத்துக்குள் இறக்கை ஒளிந்திருக்கிறது. குழந்தை விரல் விடாது என்பது மட்டும் நிஜமான லாபம்.

மேல்மாடிவாசிக்கு ஒரு யோசனை. எதையும் வாங்காமல், யாரிடமாவது ஒரு டேபிள் ஃபேனைக் கடன் வாங்கி, வெளியே ஆறிய பிறகு படுக்கையறை ஜன்னலுக்கு உள்ளே, வெளியே பார்த்தபடி வையுங்கள். ஆம், வெளியே பார்த்துத்தான். ஜன்னலோடு ஒட்டாமல் இரண்டடி தள்ளி வைத்தால், ஓடும் காற்று பக்கத்துக் காற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். கூடத்து ஜன்னலையும் அறைக்கதவையும் திறந்து வைத்தால் வெளிக்காற்று அந்த வழியாக உள்ளே வரும். அந்த வழியை மூடிவிட்டால் ஃபேன் வெறும் சத்தம்தான். காற்றில் படபடக்கும் திரைச்சீலையை ஒதுக்கிக் கட்டுங்கள், ஃபேனில் சிக்கும்.

மேல்மாடிவாசி:
நான்கு நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

காயில்காரர் ஐயா சொன்னதுதான். வேகம் ஆறு மாதமாகக் குறைந்துகொண்டே வந்திருக்கிறது, நான்தான் கவனிக்கவில்லை. பழைய கண்டென்சரில் 2.5 என்று இருந்தது, அதையே வாங்கி மாற்றினேன். ஃபேன் இப்போது பறக்கிறது. ஆனால் ஜன்னலோரம் சிரிக்கலாம்: அனலும் இப்போது பறந்து வருகிறது.

அடுத்த இரவு, பக்கத்து வீட்டு டேபிள் ஃபேனை வாங்கி, சொன்னபடி வெளியே பார்க்க வைத்தேன். சுவர் வெப்பமானியில் ஆரம்பத்தில் 34. வெளியே 29. ஒரு மணி நேரத்தில் உள்ளே 31 ஆனது. சீலிங் ஃபேன் மட்டும் ஓடிய முந்தைய இரவு அதே ஒரு மணி நேரத்தில் 34 அசையவில்லை. ஆனால் டேபிள் ஃபேன் மட்டும் வெளியே பார்த்து ஓடியபோது உடம்பில் காற்றே படவில்லை, எனக்குத் தூக்கம் வரவில்லை. பிறகு சீலிங் ஃபேனை இரண்டில் வைத்தேன், அப்போதுதான் கண் அயர்ந்தது.

ஜன்னலோரம்:
மூன்று டிகிரி! வழக்கு முடிந்தது.

கணக்கர்:
முடிந்ததாம்! கண் அயர்ந்தது எந்த ஃபேனில் என்று மறுபடி படியுங்கள். இப்போது இரண்டு ஃபேன் இரவு முழுக்க ஓடுகிறது, மேலே இருப்பது முப்பது வாட்டாக இருந்தால் என் கட்சி இன்னும் பலமாகிறது. பிறகு, அந்த மொட்டை மாடியில் வெள்ளை நிறப் பூச்சு அடித்தால் வெயில் திரும்பிப் போகும், இந்தச் சண்டைக்கே பாதி வேலை இருக்காது.

ஜன்னலோரம்:
அப்பாடா, கணக்கர் முதல்முறையாகக் கூரையைப் பார்த்துவிட்டார்.

காயில்காரர்:
தம்பி, வேகம் திரும்பியதும் ஃபேன் ஆடுகிறதா? ஆடினால் ஒவ்வொரு இறக்கை நுனிக்கும் கூரைக்கும் இடையே அளந்து பாருங்கள். ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் அந்த இறக்கையின் திருகைப் பார்க்க வேண்டும். கொக்கியில் உள்ள ரப்பரும் பன்னிரண்டு வருடத்தில் தேய்ந்திருக்கும்.

மேல்மாடிவாசி:
லேசாக ஆடுகிறது ஐயா, நாளை அளக்கிறேன். புது ஃபேன் வாங்குவதை இப்போதைக்குத் தள்ளிவைத்திருக்கிறேன். டேபிள் ஃபேனைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதால் அதில் ஒன்று மட்டும் வாங்குவேன். எது உதவியது என்று அம்மாவிடம் கேட்டேன். ஜன்னலைத் திறந்ததுதான் என்றார். அப்படியானால் மேலே ஓடுவதை நிறுத்தட்டுமா என்றேன். "அதை ஏன் நிறுத்துகிறாய், அது பாட்டுக்கு ஓடட்டும்" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.