பொங்கல் ஏன் ஒரு நாள் முன்னே வருகிறது?

குழு: பாட்டி வீடு, வண்ணாரப்பேட்டை

அத்தை பெரம்பூர், இரவு 8.05
ஆண்டர்சன் தெருவில் 2025-ஆம் ஆண்டுக்கான தினசரி காலண்டர் வாங்கி வந்தேன். இந்த ஆண்டு, 2024-இல், ஜனவரி 15 அன்று பொங்கல் வைத்தோம். இதிலோ 14 என்று போட்டிருக்கிறது. அச்சுப் பிழையா, பிப்ரவரியில் 29 வந்ததுதான் காரணமா? ராயபுரம் அண்ணன் பார்த்தால் சொல்லவும்.

பெரியப்பா ராயபுரம், 8.21
பிழை இல்லை அம்மா, நீ சொன்ன காரணமே சரி. திருக்கணிதப்படி, அதாவது வானில் காண்பதோடு பொருந்தக் கணிக்கும் பஞ்சாங்கப்படி, சூரியன் மகர ராசிக்குள் நுழைந்தது 2024-இல் ஜனவரி 15 அதிகாலை 2.54 மணிக்கு, 2025-இல் ஜனவரி 14 காலை 9.03 மணிக்கு. ஒரு நுழைவுக்கும் அடுத்த நுழைவுக்கும் இடையே 365 நாளும் ஏறத்தாழ 6 மணி 9 நிமிடமும் ஆகின்றன. ஆகவே நுழையும் நேரம் ஆண்டுதோறும் ஆறு மணி நேரம் தள்ளிப் போய், நான்காண்டில் ஒரு நாளாகத் திரளும்போது, பிப்ரவரி 29 குறுக்கே வந்து அதைப் பழைய இடத்துக்கு இழுத்துவிடுகிறது. சூரியன் மறைவதற்குள் நுழைவு நேர்ந்தால் அன்றே தை முதல் நாள், மறைந்த பிறகென்றால் மறுநாள் என்பது தமிழ்நாட்டு வழக்கம். அதனால்தான் சில ஆண்டு 14, சில ஆண்டு 15.

கயல், 8.26
ஆறு மணி நேரம் நான்காண்டில் கழிந்துவிடுகிறது, சரி. மீதி 9 நிமிடம் என்ன ஆகிறது பெரியப்பா? அது சேர்ந்துகொண்டே போக வேண்டுமே.

பெரியப்பா ராயபுரம், 8.34
போகத்தான் செய்கிறது. விவேகானந்தர் பிறந்தது 1863 ஜனவரி 12, அன்று மகர சங்கராந்தி. அதாவது அக்காலத்தில் பொங்கல் 12-ஆம் தேதியை ஒட்டி வந்திருக்கிறது. அங்கிருந்து 14-க்கு வந்த இரண்டு நாளில் ஒன்று, நீ கேட்ட 9 நிமிடங்கள் 162 ஆண்டுகளில் சேர்ந்து உண்டானது. மற்றொன்று 1900-ஆம் ஆண்டு லீப் ஆண்டாக இல்லாமல் போனதால் உண்டானது.

அண்ணன் மாதவரம், 8.37
1900 நான்கால் வகுபடும் என்பதை மட்டும் பார்த்து ஏமாந்தவர்கள் எங்கள் துறையிலும் உண்டு. லோட்டஸ் 1-2-3 என்ற பழைய மென்பொருள் 1900 பிப்ரவரி 29 என்று இல்லாத ஒரு நாளைக் கணக்கில் வைத்தது. பழைய கோப்புகள் ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக எக்செலும் அதைத் தெரிந்தே ஏற்றுக்கொண்டது. இன்று எக்செலில் அந்தத் தேதியைத் தட்டினாலும் மறுப்பில்லாமல் வாங்கிக்கொள்ளும்.

மாமா பெரம்பூர், 8.41
நான்கால் வகுபடும் ஆண்டை லீப் ஆண்டு இல்லை என்று ஒதுக்கும் அதிகாரம் யாருக்கு இருந்தது மச்சான்?

பெரியப்பா ராயபுரம், 8.58
போப்பாண்டவருக்கு இருந்தது மாப்பிள்ளை. சற்று முன்னிருந்து சொல்கிறேன். ரோமாபுரியில் ஆண்டோடு கூடுதல் மாதத்தைச் சேர்ப்பதும் விடுவதும் பூசாரிகள் கையில் இருந்தது; வேண்டியவர் பதவியில் இருந்தால் ஆண்டு நீளும், வேண்டாதவர் இருந்தால் சுருங்கும் என்ற நிலைக்கு அது போய்விட்டது. ஜூலியஸ் சீசர் அலெக்சாந்திரியாவின் சோசிஜெனஸ் என்ற அறிஞரின் யோசனைப்படி, கி.மு. 46-ஆம் ஆண்டை 445 நாளாக நீட்டி நேர்செய்து, மறு ஆண்டிலிருந்து நான்காண்டுக்கு ஒரு நாள் கூட்டும் முறையைத் தொடங்கினார். அவர் இறந்ததும் பூசாரிகள் மூன்றாண்டுக்கு ஒருமுறை கூட்டிவிட்டார்கள். அதைச் சரிக்கட்ட அகஸ்டஸ் சில லீப் ஆண்டுகளை விட்டுவிட வேண்டியிருந்தது.

சீசர் ஆண்டை 365 நாள் 6 மணி என்று வைத்தார். பருவங்கள் திரும்பி வரும் ஆண்டோ அதைவிட 11 நிமிடம் குறைவு. 11 நிமிடம் சிறிதாகத் தெரியும், ஆனால் 128 ஆண்டில் ஒரு நாள் ஆகிவிடும். கி.பி. 325-இல் மார்ச் 21-ஐ ஒட்டி இருந்த சம இரவு நாள் (பகலும் இரவும் சமமாகும் நாள்), 1582-இல் மார்ச் 11-க்கு வந்துவிட்டது. ஈஸ்டர் திருநாளை அந்தச் சம இரவை வைத்தே குறிப்பதால் திருச்சபைக்கு அது பெரிய சங்கடம். போப் பதிமூன்றாம் கிரகோரி 1582 அக்டோபர் 4 வியாழனுக்கு மறுநாளை அக்டோபர் 15 வெள்ளி என்று அறிவித்தார். நூற்றாண்டு முடியும் ஆண்டுகளில் 400-ஆல் வகுபடுபவை மட்டுமே லீப் ஆண்டு என்றும் விதித்தார். யோசனை லிலியஸ் என்ற இத்தாலிய மருத்துவருடையது. அதை வாதாடி நிலைநாட்டியவர் கிளேவியஸ் என்ற இயேசு சபைக் கணித அறிஞர். 1900 தள்ளுபடியானதும் 2000 தப்பியதும் இந்த விதியால்தான்.

கயல், 9.03
போப்பின் ஆணையை இங்கிலாந்து எப்படி ஏற்றது?

பெரியப்பா ராயபுரம், 9.17
170 ஆண்டுகள் ஏற்கவில்லை. நம் ஊர்க் கதை இங்கேதான் வருகிறது. பிரான்சு 1582-லேயே மாறிவிட்டதால் புதுச்சேரியில் புதுக் கணக்கு, இங்கிலாந்து மாறாததால் சென்னைக் கோட்டையில் பழைய கணக்கு. பிரெஞ்சுத் தளபதி லபூர்தொனே 1746-இல் சென்னையைப் பிடித்த நாள் ஆங்கிலேயர் ஏட்டில் செப்டம்பர் 10, பிரெஞ்சுக்காரர் ஏட்டில் செப்டம்பர் 21. இரண்டும் ஒரே நாள். இரு தரப்பும் தகராறில்லாமல் சொல்லக்கூடிய தேதி ஒன்று உண்டென்றால் அது அட்சய ஆண்டு புரட்டாசி மாதத் தேதிதான். கோட்டைக்குள் யார் கொடி பறந்தாலும் வெளியே புரட்டாசி புரட்டாசியாகவே இருந்தது. அந்நாட்களை நாட்குறிப்பாக எழுதி வைத்த ஆனந்தரங்கப் பிள்ளை தமிழ் ஆண்டு, மாதம், தேதியையும் சேர்த்தே எழுதினார். அவர் உங்கள் பெரம்பூரில் பிறந்தவர் என்பது மாப்பிள்ளைக்குத் தெரிந்திருக்கும்.

ஆகஸ்ட் 22 என்று நாம் கொண்டாடும் சென்னை நாளும் 1639-இன் பழைய கணக்குத்தான். அப்போது இடைவெளி 10 நாள்; புதுக் கணக்கில் அது செப்டம்பர் 1.

மாமா பெரம்பூர், 9.22
தெரியும் மச்சான், ஆனால் தெருவில் கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. இங்கிலாந்து மாறியபோது இடையில் விழுந்த நாட்களுக்கு வாடகையும் வட்டியும் என்ன ஆயின? தொழிற்சங்கத்தில் இருந்தவனுக்கு முதலில் அதுதான் தோன்றும்.

பெரியப்பா ராயபுரம், 9.30
சட்டம் இயற்றியவர்களுக்கும் அது தோன்றியிருக்கிறது. 1752 செப்டம்பர் 2 புதனுக்கு மறுநாள் செப்டம்பர் 14 வியாழன் ஆயிற்று. ஆசியாவிலுள்ள ஆட்சிப் பகுதிகளுக்கும் இது பொருந்தும் என்று சட்டமே சொன்னது. வாடகை, கடன், ஒப்பந்தம் ஆகியவற்றின் தவணைகள் பழையபடி முழு நாட்களும் கழிந்த பிறகே முதிரும் என்றும் எழுதி வைத்தார்கள். வரி ஆண்டிலும் அவர்கள் நாட்களை இழக்கவில்லை. மார்ச் 25-இல் தொடங்கியது தள்ளித் தள்ளி, இன்றும் அந்நாட்டில் ஏப்ரல் 6-இல்தான் தொடங்குகிறது. 11 நாளைத் திருப்பிக் கொடு என்று மக்கள் கலவரம் செய்ததாகப் பரவும் கதையை வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் ஏற்பதில்லை.

மாமா பெரம்பூர், 9.34
அக்டோபர் புரட்சிக்கு நவம்பர் 7 அன்று ஆலை வாசலில் கொடியேற்றுவோம். ஏன் என்று கேட்கும் இளைஞர்களுக்கு ரஷ்யா அப்போது பழைய கணக்கில் இருந்தது, அக்டோபர் 25-தான் நமக்கு நவம்பர் 7 என்று ஒவ்வோர் ஆண்டும் நானே விளக்குவேன். 1918-இல் லெனின் அரசு ஜனவரி 31-க்கு மறுநாளைப் பிப்ரவரி 14 ஆக்கியது. அதன் வேர் சீசர் வரை போகும் என்பதை இன்றுதான் சேர்த்துப் பார்க்கிறேன்.

சித்தி திருவொற்றியூர், 9.41
எல்லாம் சரி, நம் பஞ்சாங்கத்தில் லீப் நாள் என்று தனியாக ஒன்று இல்லையே? ஆனியில் 32 நாள் வருகிறது, மார்கழி 29-இலும் முடிகிறது. யாரும் ஆணை போடவில்லை.

பெரியப்பா ராயபுரம், 9.52
அதுதான் நம் முறையின் அழகு. சூரியன் ராசி மாறினால் மாதம் மாறும். கூட்டவும் குறைக்கவும் தனி விதி தேவையில்லை. ஆனால் நம் ஆண்டு நட்சத்திரங்களை வைத்து அளப்பது, ஆங்கில ஆண்டு பருவங்களை வைத்து அளப்பது. இவ்விரண்டுக்கும் இடையே ஆண்டுக்கு ஏறத்தாழ 20 நிமிட வேறுபாடு உண்டு. சூரியன் வடக்கே திரும்புவது உண்மையில் டிசம்பர் 21 அல்லது 22-இல். உத்தராயணத்தின் தொடக்கம் என்று நாம் கொண்டாடுவதோ மூன்று வாரத்துக்கும் மேல் கழித்து.

இதைச் சீர்செய்ய 1952-இல் வானியற்பியல் அறிஞர் மேகநாத் சாகா தலைமையில் ஒரு குழு அமைத்தார்கள். நாட்டில் அப்போது சுமார் 30 வகைப் பஞ்சாங்கங்கள் வழக்கில் இருந்தன. 1955-இல் அறிக்கை வந்தது. சைத்திரம் முதல் நாள் மார்ச் 22, லீப் ஆண்டில் மார்ச் 21 என்று பருவத்தோடு பூட்டிய சக ஆண்டு நாட்காட்டி, 1957 மார்ச் 22 முதல் நடைமுறைக்கு வந்தது. சாகா அதற்கு ஓராண்டு முன்பே காலமாகிவிட்டார். மத்திய அரசிதழிலும் வானொலியிலும் அது இன்றும் உண்டு, எந்த வீட்டுச் சுவரிலும் இல்லை. கிரகோரிக்குத் திருச்சபை இருந்தது, இங்கிலாந்துக்குச் சட்டம் இருந்தது. நம் அரசு பரிந்துரையோடு நின்றுவிட்டது என்பது என் வருத்தம்.

சித்தி திருவொற்றியூர், 9.57
கட்டளையிட்டிருந்தால் மட்டும் கேட்டிருப்போமா? புது நெல் வீட்டுக்கு வரும் நேரத்தில் பொங்கல் வருகிறது, அது போதும். 2023-இல் சனிப்பெயர்ச்சி திருக்கணிதப்படி ஜனவரி 17 என்றார்கள், வாக்கியப்படி டிசம்பர் 20 என்றார்கள். திருநள்ளாற்றில் டிசம்பரில்தான் நடந்தது. நம் வீட்டுப் பஞ்சாங்கங்களே ஒத்துப்போகவில்லை, அரசு என்ன செய்யும்?

பெரியப்பா ராயபுரம், 10.04
வாக்கியம் முன்னோர் வகுத்த சூத்திரங்களைக் கொண்டு கணிப்பது; அதன் சூரிய ஆண்டு உண்மையான நட்சத்திர ஆண்டைவிட மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல் நீளம். நுங்கம்பாக்கம் வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி, தொலைநோக்கியில் காண்பதோடு பொருந்தும்படி பஞ்சாங்கத்தைத் திருத்த வேண்டும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வாதாடி, அவ்வாறே கணித்தும் வெளியிட்டார். 1867-இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தவர் அவர். அவருடைய பேச்சையே சென்னை முழுமையாகக் கேட்கவில்லை என்னும்போது சாகாவுடையதை எப்படிக் கேட்கும்?

கயல், 10.08
2100 லீப் ஆண்டு இல்லை அல்லவா? அப்போது பொங்கல் இன்னும் ஒரு நாள் தள்ளுமா?

அண்ணன் மாதவரம், 10.19
கணக்குப் போட்டுப் பார்த்தேன். 9 நிமிடங்கள் சேர்ந்து, 2100-இல் மகர நுழைவு ஜனவரி 15 பிற்பகலுக்கு வந்திருக்கும், பொங்கல் 15. அவ்வாண்டில் பிப்ரவரி 29 இல்லாததால், 2101-இல் நுழைவு ஜனவரி 15 சூரியன் மறைந்த பிறகு நேரும். ஆகவே பொங்கல் 16.

சித்தி திருவொற்றியூர், 10.21
அது திருக்கணிதம். வாக்கியத்துக்கும் போட்டுச் சொல்லப்பா.