கொடி விழும்வரை காத்திருக்க வேண்டாம்: பிறந்த கன்றின் முதல் பத்து நாள்

மாடு கன்று போட்டதும், "கொடி (நஞ்சுக்கொடி) விழட்டும், அப்புறம் கறக்கலாம்" என்று நிறுத்தி வைக்கும் வழக்கம் பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. கன்றுக்கு இதைவிடப் பெரிய கேடு வேறில்லை. தாயின் நோய் எதிர்ப்புச் சக்தி வயிற்றில் இருக்கும்போது கன்றுக்குப் போவதில்லை, சீம்பாலில்தான் வருகிறது. கன்றின் குடல் அதை உறிஞ்சும் திறன் ஆறு மணி நேரத்துக்குள்ளேயே வெகுவாகக் குறைந்து, ஒரு நாளில் அற்றுப்போகும். கொடி விழவோ எட்டு, பன்னிரண்டு மணி நேரம் ஆகலாம். கன்று முட்டிக் குடித்தால் கருப்பை சுருங்கும், கொடி விழவும் அது உதவும். தொங்கும் கொடியில் கல் கட்டி இழுக்க விடாதீர்கள். பன்னிரண்டு மணி நேரம் தாண்டியும் விழவில்லை என்றால் டாக்டரைக் கூப்பிடுங்கள்.

அளவு: கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு. 25 கிலோ ஜெர்சி கலப்பினக் கன்றுக்கு முதல் நாளில் இரண்டரை லிட்டர். அதில் ஒன்று, ஒன்றரை லிட்டராவது முதல் ஒரு மணி நேரத்துக்குள் உள்ளே போக வேண்டும். எடை தெரிய, கன்றைத் தூக்கிக்கொண்டு மனிதர் எடை பார்க்கும் தராசில் ஏறி, உங்கள் எடையைக் கழித்தால் போதும். வீட்டுக்குச் சீம்பால் கிண்டுவதெல்லாம் கன்று வயிறு நிறைந்த பிறகு.

* * *

மேலே சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கன்று மடியில் வாய் வைத்து நிற்பதைப் பார்த்து, குடித்துவிட்டது என்று நம்பக் கூடாது. மடி தாழ்ந்து தொங்கும் மாட்டில் கன்று தொடையிடுக்கில் மேலேயே தேடிக்கொண்டு நிற்கும். காம்பு நுனியில் மெழுகு போல அடைப்பும் இருக்கும். நான்கு காம்பிலும் இரண்டு பீச்சு கறந்துவிட்டுக் கன்றின் வாயில் கொடுங்கள். காம்பு ஈரமாகிச் சுருங்கியிருக்க வேண்டும், கன்றின் வாயோரம் நுரை நிற்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் கறந்து பாட்டிலில் கொடுப்பதுதான் வழி.

தொப்புள்கொடியை உடம்பிலிருந்து இரண்டு விரற்கடை விட்டு, அயோடினில் நனைத்த நூலால் இறுகக் கட்டி, கட்டுக்குக் கீழே ஒரு சென்டிமீட்டரில் புது பிளேடால் வெட்டுங்கள். பிறகு டிங்சர் அயோடினைச் சின்ன மூடியில் ஊற்றி, தொப்புள் முழுவதும் முங்கும்படி அரை நிமிடம் பிடியுங்கள். பஞ்சால் தொட்டு வைத்தால் உள்ளே இறங்காது. மூன்று நாள், காலையும் மாலையும். சாம்பல், சாணி, மண் எதுவும் வேண்டாம். தினமும் விரலால் தொட்டுப் பாருங்கள். காய்ந்து சுருங்காமல் கட்டைவிரல் கனத்துக்குச் சூடாக வீங்கினால் சீழ் பிடிக்கிறது என்று பொருள். அதை விட்டுவிட்டால் கிருமி ரத்தத்தில் கலந்து, முழங்கால் மூட்டு வீங்கிக் கன்று நொண்டும். அந்த நிலைக்குப் போன கன்றைத் தேற்றுவது பெரும்பாடு.

* * *

தாய் இறந்துவிட்டாலோ மடிநோய் வந்துவிட்டாலோ, முட்டையும் விளக்கெண்ணெயும் பாலில் கலந்து கொடுப்பதுண்டு. அது வயிற்றுக்கு உணவு, மலமிளக்கி, அவ்வளவே. தாயின் எதிர்ப்புச் சக்தி அதில் வராது. அதே நேரத்தில் கன்று போட்ட பக்கத்து வீட்டு மாட்டின் சீம்பாலே நல்லது. மிஞ்சுகிற சீம்பாலை அரை லிட்டர் பாட்டில்களில் ஃப்ரீசரில் வையுங்கள். தேவைப்படும்போது கை பொறுக்கும் சுடுநீரில் பாட்டிலை வைத்து உருக்க வேண்டும். அடுப்பில் வைத்தால் திரிந்து, எதிர்ப்புப் புரதமும் கெட்டுவிடும்.

மூங்கில் கொட்டத்தில் (குழாயில்) பாலை ஊற்றிவிடும் பழக்கம் பற்றியும் சொல்ல வேண்டும். தலையை அண்ணாந்து பிடித்து ஊற்றினால் பால் மூச்சுக்குழாயில் இறங்கும். இரண்டு நாளில் இருமல், காய்ச்சல், பிறகு நிமோனியா. மூக்கு, கண் மட்டத்துக்கு மேலே போகாமல் பிடித்து, நிப்பிள் பாட்டிலில் உறிஞ்ச விடுங்கள். உறிஞ்சும்போதுதான் பால், நான்கு அறை கொண்ட வயிற்றின் முதல் அறையில் தேங்காமல் நேராக நான்காம் அறைக்குப் போகும்.

* * *

கழிச்சல் கண்டதும் பாலை அடியோடு நிறுத்துகிறார்கள். அங்கேதான் கன்று சோர்ந்து விழுகிறது. அதைக் கொல்வது நீர்வற்றல். கழுத்துத் தோலைக் கிள்ளி விடுங்கள், இரண்டு விநாடிக்குள் படியவில்லை என்றாலோ கண் குழிந்திருந்தாலோ நீர் வற்றிவிட்டது. மருந்துக்கடை ஓ.ஆர்.எஸ். தூளைப் பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரிலேயே கரைத்து, பால் வேளைகளுக்கு நடுவே இரண்டு மணி நேரம் தள்ளிக் கொடுங்கள். பாலைச் சிறு அளவாகப் பிரித்து நான்கைந்து வேளை கொடுக்கலாம். பிறந்து நான்கைந்து நாளுக்குள் வரும் வெள்ளைக் கழிச்சல் வேகமானது, அதில் டாக்டரைக் கூப்பிடக் காலையா மாலையா என்று பார்த்துக்கொண்டிருக்க நேரம் கிடையாது.

குடற்புழு மருந்து முதல் தவணை பத்து முதல் பதினான்கு நாளுக்குள். பெரிய உருண்டைப் புழு தாய்ப்பால் வழியாகவே வருகிறது, எருமைக் கன்றில் மிக அதிகம். கன்று மண்ணை நக்கவே இல்லை என்று தள்ளிப்போட வேண்டாம். மருந்தின் அளவை எடைக்கு ஏற்ப டாக்டரிடமே கேளுங்கள்.

கன்று எழவில்லை, உறிஞ்சவில்லை, காது ஜில்லிட்டிருக்கிறது என்றால் கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962-க்கு அழையுங்கள். பிறந்த நேரம், முதல் சீம்பால் எத்தனை மணிக்கு எவ்வளவு, எத்தனை முறை கழிந்தது, என்ன நிறம் என்று ஒரு தாளில் குறித்து வைத்திருந்தால், வருகிற டாக்டர் கேட்கிற முதல் நான்கு கேள்விக்கும் பதில் கையில் இருக்கும். வண்டி வரும்வரை சாக்கால் துடைத்து, காய்ந்த வைக்கோல் மேல் நெஞ்சு தரையில் படும்படி உட்கார வையுங்கள். ஒருக்களித்துப் படுக்க விட்டால் வயிறு உப்பி மூச்சு திணறும்.