ஊரேசல்: ஊரைக் கேலி செய்யும் பாட்டுக்கு ஒரு பெயர்

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

நாலைந்து நாளாக இந்த இழையை விடாமல் படித்துக்கொண்டிருக்கிறேன். ஊர்களையும் அந்த ஊர்களுக்கு இருக்கிற பேரையும் வைத்துக் கேலியாகக் கட்டும் பாட்டு, அதுவும் எல்லாருக்கும் தெரிந்த மெட்டில் புது வரி போட்டுப் பாடும் பாட்டு, இதற்கு நம் ஒலிப்பதிவுப் பட்டியலில் என்ன தலைப்புக் கொடுப்பது என்று பட்டியல் போடும் அண்ணன் கேட்டிருந்தார். இதுவரை வந்தவை ஊர்ப்பகடி, நையாண்டிப் பாட்டு, அங்கதப் பாடல், போலிப் பாட்டு. நான் இந்த இழையில் சொல்லிவைத்தது இன்னொன்று: ஊரேசல்.

சொல்லைப் பற்றிச் சண்டை போடுவதற்கு முன்னால் பாட்டைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். பாட்டைக் காதால் கேட்காமல் சொல்லை மட்டும் செதுக்கிக்கொண்டிருக்கிறோமோ என்று எனக்குத் தோன்றியது, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

போன தை மாதம் செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் எங்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணம். பெண் வீடு அந்த ஊர், மாப்பிள்ளை வீடு காரைக்குடி. முதல்நாள் சாயங்காலம் வீட்டின் உள்பகுதியான இரண்டாங்கட்டில் ஏழெட்டு ஆச்சிமார் வட்டமாக உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பிள்ளை தூங்காமல் அழுதது. காரைக்குடியிலிருந்து வந்த ஆச்சி அதை மடியில் போட்டுத் தாலாட்ட ஆரம்பித்தார். இரண்டு வரி ஒழுங்கான தாலாட்டு. மூன்றாவது வரியில் மெட்டு மாறவில்லை, பாட்டு மாறிவிட்டது:

கானாடு காத்தானில் காப்பிக்குச் சொல்லிவிட்டா
ரெண்டாங்கட்டு தாண்டிவர ரெண்டுநாள் ஆகுமாம்

அந்த ஊர் வீடுகளைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டாம். முகப்பு ஒரு தெருவில் இருக்கும், பின்வாசல் அடுத்த தெருவில் இருக்கும், நடுவில் வளவும் கட்டுகளுமாகப் போய்க்கொண்டே இருக்கும். முகப்பில் இருந்து கூப்பிட்டால் அடுப்படிக்குக் கேட்காது என்பது உண்மையாகவே அங்கே நடக்கிற கதை. பெண் வீட்டுப் பக்கம் ஒரே சிரிப்பு. ஆனால் பதில் பாட்டு அவர்களிடமிருந்து வருவதற்குள் ஆத்தங்குடிக்கு வாக்கப்பட்டுப் போன சின்ன ஆச்சி ஒருவர், யாரும் தன் ஊரைத் தொடுவதற்கு முன்னால் தானே எடுத்துவிட்டார்:

ஆத்தங்குடிக் கல்லு ஆளைக் காட்டும் கண்ணாடி
பாத்து நடக்காட்டா பல்லுப் போகும் முன்னாடி

இந்தக் கண்ணாடி வெறும் உவமை இல்லை. அந்தத் தரைக்கல்லை வார்ப்பதே கண்ணாடித் தகட்டின் மேல்தான். அச்சுச் சட்டத்தைக் கண்ணாடிமேல் வைத்து, கட்டம் கட்டமாகச் சாயக் கலவையை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்துவார்கள். பிறகு தண்ணீரில் ஊறவைத்துக் காயவிட்டால், கண்ணாடியில் பட்டிருந்த பக்கம் மெருகு போடாமலே பளபளக்கும். அந்த ஆச்சி இதையெல்லாம் ஒரே வரியில் வைத்துவிட்டார்.

அப்புறம் கானாடுகாத்தான் பக்கத்திலிருந்து வந்த பதில்தான் நான் இந்த மடல் எழுதுவதற்கே காரணம்.

காரைக்குடிக் கடையில கதவுநிலை விக்கிறாக
பாட்டன்வீட்டுக் கதவான்னு பாத்துவாங்கு பேராண்டி

காரைக்குடியில் பழைய சாமான் கடைகள் எவ்வளவு இருக்கின்றன என்று எல்லாருக்கும் தெரியும். பிரித்த வீடுகளின் தூண், நிலை, பெட்டகம், பர்மாத் தேக்கில் இழைத்த கதவு, ரவிவர்மா படம், எனாமல் தூக்குச்சட்டி எல்லாம் அங்கே வரிசையாக நிற்கும். பாட்டு அதைத்தான் சொல்கிறது. ஆனால் மாப்பிள்ளை வீட்டின் பழைய வளவு சில வருஷத்துக்கு முன்னால் பங்காளிகளுக்குள் ஒத்துவராமல் பிரிக்கப்பட்ட வீடு. நிலையும் கதவும் லாரியில் போனதை அங்கே இருந்த பாதிப் பேர் கண்ணால் பார்த்தவர்கள். பாடிய ஆச்சிக்கு அது நினைவில் இருந்ததா, வாய்க்கு வந்ததா, எனக்குத் தெரியாது. வெங்காயம் உரித்த கைகள் நின்றுவிட்டன. பிள்ளைகூட அழவில்லை.

மாப்பிள்ளையின் அப்பத்தா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எங்க வீட்டு நிலைதான் ஆத்தா அது, எட்டுப் பேரு தூக்கமாட்டாமத் தூக்குனாக. நீ வாங்கியாந்து இங்கன மாட்டு, நான் வந்து கோலம் போடுறேன்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள், வெங்காயமும் இருந்ததால் யாரும் யாரையும் கேட்கவில்லை. மறுபடி பாட்டு ஆரம்பித்தது.

இதற்கு என்ன பெயர்? பகடி என்றால் போதுமா? பகடியை யாரும் யாரைப் பற்றியும் செய்யலாம். சென்னையில் உட்கார்ந்துகொண்டு, காரைக்குடியைப் பார்த்தே இராத ஒருவர்கூட காரைக்குடியைப் பகடி செய்து ஒரு பாட்டுப் போடலாம், அதுவும் பகடிதான். அந்த இரண்டாங்கட்டில் நடந்தது கொண்டு கொடுத்த ஊர்கள் ஒன்றையொன்று சீண்டிக்கொள்வது. அங்கே பாடும் உரிமை உறவால் வருகிறது. பதில் பாட்டு வரும் என்று தெரிந்தே பாடுகிறார்கள். வலிக்கும் இடம் எது என்று பாடுகிறவருக்கும் தெரியும், வாங்கிக்கொள்கிறவருக்கும் தெரியும். இந்த மூன்றும் சேர்ந்த ஒரு சொல் தமிழில் ஏற்கெனவே இருக்கிறது, அதுதான் ஏசல்.

பள்ளு இலக்கியத்தில் ஏசல் தனி உறுப்பாகவே வரும். முக்கூடற்பள்ளில் பள்ளனுக்கு இரண்டு மனைவிகள், மூத்த பள்ளி முக்கூடல்காரி, இளைய பள்ளி மருதூர்க்காரி. மூத்தவள் ஆசூர் வடகரை நாட்டின் வளத்தைப் பாடுகிறாள், இளையவள் சீவலமங்கைத் தென்கரை நாட்டின் வளத்தைப் பாடுகிறாள். பிறகு இருவருக்கும் சண்டை மூண்டு, ஒருத்தி சிவனையும் ஒருத்தி திருமாலையும் இழுத்து ஏசிக்கொள்கிறார்கள், கடைசியில் சமாதானமும் ஆகிவிடுகிறார்கள். ஊர்ப்பெருமையும் ஏசலும் சமாதானமும் ஒரே நூலில் அடுத்தடுத்து வருகின்றன என்பதைக் கவனியுங்கள். கல்யாண வீடுகளில் பாடும் சம்பந்தி ஏசலும் இதே வழிதான், சாப்பாட்டையும் சீரையும் கிண்டல் செய்து பாடிவிட்டுப் பந்தியில் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவார்கள். சக்களத்தி, சம்பந்தி என்று உறவுக்காரர்களுக்குள் நடக்கிற கேலிதான் ஏசல் என்ற சொல்லில் ஊறிக் கிடக்கிறது.

இதற்கு நேர் எதிர் வேண்டுமென்றால் காளமேகப் புலவர் இருக்கிறார். நாகப்பட்டினத்துக் காத்தான் சத்திரத்தில் பொழுது சாயும்போதுதான் அரிசியே வரும், இலையில் ஒரு கரண்டிச் சோறு விழும்போது விடிவெள்ளி முளைத்துவிடும் என்று பாடினார் இல்லையா, அது பசியோடு வந்த வழிப்போக்கன் பாடியது. காப்பிக்கு இரண்டு நாள் என்ற நம் ஆச்சியின் வரியும் அந்த வெண்பாவும் சொல்வது கிட்டத்தட்ட ஒரே விஷயம். ஆனால் அவர் பாடியது வசை, இவர் பாடியது ஏசல். பட்டியல் போடுகிறவர் இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டுவிட்டால் பிறகு பிரிப்பது கஷ்டம்.

இனி வந்திருக்கிற மறுப்புகள். தனி மடலில் ஒருவரும் குழுவில் இருவரும் கேட்டவை.

ஏசுவது என்றால் திட்டுவதுதானே, வாசகர் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டாரா என்பது முதலாவது. ஏசு என்ற வினைச்சொல் அப்படித்தான், இலங்கைத் தமிழர்களிடம் அது இன்றும் அன்றாடப் பேச்சில் திட்டுவதற்கான சொல். ஆனால் ஏசல் என்ற பெயர்ச்சொல் பாட்டோடு சேர்ந்தே நமக்கு வந்திருக்கிறது. "ஏசல் பாடினார்கள்" என்று சொல்லிப் பாருங்கள், கோபம் எங்கேயும் வராது.

ஊரேசல் என்றால் ஊரார் ஏசுவதா, ஊரை ஏசுவதா என்ற கேள்வியைப் புலவர் ஐயா எழுப்பியிருந்தார். நல்ல கேள்வி ஐயா, இரண்டு நாள் இதையே யோசித்தேன். சம்பந்தி ஏசல் என்பதிலும் இதே குழப்பம் இருக்கிறது, ஆனால் யாரும் குழம்பவில்லை. சம்பந்தி ஏசுகிறார், சம்பந்தியை ஏசுகிறார், இரண்டுமே அங்கே நடக்கிறது. ஊரேசலிலும் ஊர் ஊரை ஏசுகிறது. நீங்கள் குறையாகக் காட்டிய இடம்தான் எனக்கு இந்தச் சொல்லைப் பிடித்துப்போகக் காரணம்.

மூன்றாவது மறுப்பில் நியாயம் இருக்கிறது. பாரடி (parody) என்ற ஆங்கிலச் சொல்லில் இன்னொரு பாட்டின் மெட்டைக் கடன் வாங்குவது அடக்கம், ஊரேசல் என்ற சொல்லில் அது இல்லை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது பாட்டின் பொருளைச் சேர்ந்ததில்லை, செய்முறையைச் சேர்ந்தது, அதற்குத் தனிச் சொல் வேண்டும். பழைய பாட்டுப் புத்தகங்களைப் புரட்டியவர்களுக்கு நினைவிருக்கும், ஒவ்வொரு பாட்டின் தலையிலும் "இன்ன பாட்டின் மெட்டு" என்று சின்ன எழுத்தில் அச்சடித்திருப்பார்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்துவைத்த புத்தகக் குவியல்தான் 1994-ல் சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகம் ஆனது. நாடகப் பாட்டுப் புத்தகங்களை அப்படி ஒருவர் பத்திரப்படுத்தியிருக்காவிட்டால் இந்த வழக்கமே நமக்கு ஞாபகம் இருந்திருக்காது. அந்த வழியில் இதற்கு "இரவல் மெட்டு" என்று பெயர் வைக்கலாம். தாலாட்டு மெட்டில் பாடிய அந்த வரிகள் இரவல் மெட்டு ஊரேசல். சொந்த மெட்டில் கட்டினால் வெறும் ஊரேசல். பக்திப் பாட்டின் மெட்டில் தேர்தல் பாட்டுக் கட்டினால் அது இரவல் மெட்டு, ஊரேசல் ஆகாது. இரண்டு சொல் இருந்தால் இப்படிப் பிரித்துச் சொல்ல முடிகிறது.

மற்றவை பற்றிச் சுருக்கமாக. நையாண்டிப் பாட்டு என்றால் எங்கள் பக்கம் எவருக்கும் முதலில் நினைவுக்கு வருவது கரகாட்டமும் நையாண்டி மேளமும்தான், தேடுகிறவர் திசைமாறிப் போவார். அங்கதம் தொல்காப்பியத்திலேயே செம்பொருள், கரந்தது என்று வகை பிரிக்கப்பட்ட கனமான சொல், வெங்காயம் உரிக்கும் இடத்தில் அதை உட்காரவைக்க முடியாது. போலிப் பாட்டு கூடவே கூடாது, பாடியவர் ஏதோ தப்புச் செய்த மாதிரி ஒலிக்கிறது. ஊர்ப்பகடிமீது எனக்கு விரோதம் இல்லை, வெளியூர்க்காரர்கள் செய்யும் கேலிக்கு அதை வைத்துக்கொள்ளலாம்.

பழைய சொல்லுக்குப் புது வேலை கொடுக்கலாமா என்று தயங்குகிறவர்களுக்கு ஒன்று. மணிமேகலையில் வரும் பட்டிமண்டபம், சா. கணேசன் 1939-ல் தொடங்கிய காரைக்குடிக் கம்பன் கழகத்தின் மேடையில் ஏறித்தான் இன்றைய பட்டிமன்றமாக வீட்டுக்கு வீடு வந்து சேர்ந்தது. சமயவாதிகள் வாதம் செய்த இடத்தின் பெயர், தீபாவளி காலைத் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்குப் பெயராகப் பொருந்திவிட்டது. ஏசல் அவ்வளவு தூரம்கூட நடக்க வேண்டியதில்லை, பக்கத்து வீட்டுக்குத்தான் போகிறது.

தன் ஊரையே கேலி செய்தால் என்ன சொல்வது என்றும் கேட்டிருந்தார்கள். 2024-ல் காரைக்குடி மாநகராட்சி ஆனபோது தெரிந்த பையன்கள் நாலு பேர் ஒரு சினிமா மெட்டில் பழைய பஸ் ஸ்டாண்டு, புது பஸ் ஸ்டாண்டு, நடுவில் மழைத்தண்ணீர் என்று ஒன்று பாடி வாட்ஸாப்பில் விட்டார்கள். அதைத் தன்னூரேசல் என்று சொல்லலாம், ஆத்தங்குடி ஆச்சி செய்ததும் அதுதான். உருபு ஏற்றுப் பார்த்தேன்: ஊரேசலை, ஊரேசலில், ஊரேசலாக, ஊரேசல்கள். எங்கேயும் முறுக்கிக்கொள்ளவில்லை.

ஒரே ஒரு எல்லைக்கோடு மட்டும் விளக்கக் குறிப்பில் இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். வீடு, தண்ணீர், சாப்பாடு, பேச்சு, நடை, கஞ்சத்தனம் எதை வேண்டுமானாலும் பாடட்டும். ஊர்ப்பெயரைச் சாக்கு வைத்து ஒரு சாதியை இழிவுசெய்யும் வரிகள் நம் பதிவுகளில் உண்டு, நானே இரண்டு வைத்திருக்கிறேன். அவற்றை அழிக்கச் சொல்லவில்லை, ஆவணம் ஆவணம்தான். ஆனால் அவை வசை என்ற தலைப்பின்கீழ் போகட்டும், ஊரேசல் என்ற பெயர் அவற்றுக்கு வேண்டாம். அதைப் பாடக் கேட்டவர்கள் யாரும் பதில் பாட்டுப் பாடவில்லை, எழுந்து போனார்கள்.

அண்ணன், பட்டியலில் இப்படிப் போடலாம் என்று நினைக்கிறேன்: தலைப்பு ஊரேசல், வகை இரவல் மெட்டு (தாலாட்டு), ஏசும் ஊர் கானாடுகாத்தான், ஏசப்படும் ஊர் காரைக்குடி, இடம் கல்யாண வீடு, இரண்டாங்கட்டு. பாடியவர் பெயர் கேட்டுத்தான் போட வேண்டும், நான் கேட்டுச் சொல்கிறேன். கதவுநிலைப் பாட்டுக்கு அடுத்த வரியாக அந்த அப்பத்தா சொன்ன பதிலையும் சேர்த்துவிடுங்கள், மெட்டில் இல்லாவிட்டாலும் அது பாட்டின் பகுதிதான்.

தேவகோட்டைக்காரர்கள் இந்தக் குழுவில் மூன்று பேராவது இருக்கிறீர்கள். உங்கள் ஊரைப் பற்றி அன்றைக்கு ஒரு வரியும் வரவில்லை, வெங்காயம் தீர்ந்துவிட்டது. உங்கள் வீட்டு ஆச்சிமாரிடம் கேட்டு இருப்பதை அனுப்புங்கள், ஏசல் என்ற சொல் அவர்கள் வாயில் வருகிறதா என்றும் கேட்டுப் பாருங்கள்.