டிஎஸ்-13 கிளியர் அடித்ததும் சிவப்பு வெளுத்துவிட்டது (மினி கூப்பர் 1/24), உதவி தேவை

வேளச்சேரி_மாடலர்:

எல்லோருக்கும் வணக்கம். டாமியா கம்பெனியின் 1/24 அளவு மோரிஸ் மினி கூப்பர் ராலி கார் பிளாஸ்டிக் மாடல் கிட் செய்துகொண்டிருக்கிறேன். சிவப்பு பாடி, வெள்ளைக் கூரை. வெள்ளையை முதலில் அடித்துக் காயவிட்டு, கூரையை மாஸ்கிங் டேப்பால் மூடி, அப்புறம் டிஎஸ்-8 இத்தாலியன் ரெட் (டிஎஸ் என்பது டாமியாவின் ஸ்ப்ரே கேன் வரிசை). அதுவரை எந்தக் குறையும் இல்லை. கதவில் எண் வட்டம், பானெட்டில் டீகால் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய ஸ்டிக்கர்) எல்லாம் ஒட்டி நன்றாகக் காய்ந்த பிறகு, நேற்று சாயங்காலம் மழை விட்ட நேரம் பார்த்து பால்கனியில் வைத்து டிஎஸ்-13 கிளியர் (நிறமில்லாத பளபளப்புப் பூச்சு) அடித்தேன்.

அடிக்கும்போது கண்ணாடி போல இருந்தது. காய ஆரம்பித்ததும் பானெட், முன் மட்கார்டு, டிக்கி மூன்றிலும் வெள்ளையாகப் பூத்துவிட்டது. சிவப்பு ரோஸ் கலராகத் தெரிகிறது. விளிம்புகளில் குறைவு, நடுவில் அதிகம். கூரையில் மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

என்னிடம் ஏர்பிரஷ் கிடையாது, ஸ்ப்ரே கேன்தான். ஹார்டுவேர் கடையில் வாங்கிய என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னர் ஒரு டின் இருக்கிறது, 2000 நம்பர் வாட்டர் பேப்பர் இருக்கிறது. தேய்த்தால் போகுமா? இல்லை, எல்லாவற்றையும் கரைத்து எடுத்துவிட்டு முதலிலிருந்து வர வேண்டுமா? டீகால் இன்னொரு செட் கிடைக்காது, அதுதான் பயம்.

பாலிஷ்_பிரியன்:

2000 தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள், பாலிஷ் காம்பவுண்ட் போடுங்கள். போய்விடும்.

கோவை_ஏர்பிரஷ்:

தயவுசெய்து இப்போதைக்கு எதையும் தேய்க்காதீர்கள். நேற்று அடித்த கிளியர் உள்ளே இன்னும் மெத்தென்றுதான் இருக்கும். தாள் அடைத்துக்கொள்ளும், கீறல் ஆழமாக விழும், அடியில் டீகால் வேறு இருக்கிறது.

முதலில் இரண்டு விஷயம் சொல்லுங்கள். வெளுத்த இடத்தில் விரலை லேசாக ஓட்டினால் வழவழப்பாக இருக்கிறதா, பொடி படிந்த மாதிரி சொரசொரப்பாக இருக்கிறதா? அடித்தபோது காற்றில் ஈரப்பதம் எவ்வளவு?

சொரசொரப்பு என்றால் அது வேறு வியாதி. தூரத்திலிருந்து அடித்ததால் துளிகள் வழியிலேயே காய்ந்து தூசியாக விழுந்திருக்கும். வழவழப்பாக இருந்து உள்ளே மட்டும் மங்கல் என்றால் ஈரம் மாட்டிக்கொண்டிருக்கிறது.

வேளச்சேரி_மாடலர்:

வழவழப்பாகத்தான் இருக்கிறது அண்ணா. விரலில் ஒன்றும் தட்டவில்லை. போனில் பார்த்தபோது 28 டிகிரி, ஈரப்பதம் 85 சதவீதம் என்று காட்டியது. அது நடுவில் ஒரு பார்வை பார்த்ததுதான், பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தேக்கா_மாடல்ஸ்:

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். எங்களுக்கு இது வருஷம் முழுக்க உள்ள தலைவலி, அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

பெயிண்டில் உள்ள கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது, அடித்த பரப்பிலிருந்து சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. கேனில் அடைத்திருக்கும் திரவ வாயுவும் ஆவியாகி அதை இன்னும் குளிர வைக்கும். தொடர்ந்து அடித்தால் கேன் கையிலேயே சில்லிடுவதைப் பார்த்திருப்பீர்கள். பரப்பு ஓர் அளவுக்குக் கீழே குளிர்ந்தால், காற்றில் இருக்கிற நீராவி அதன்மேல் பனியாக இறங்கும். மேல்தோல் காய்ந்து மூடிக்கொள்ளும்போது அந்த நீர்த்துளிகள் உள்ளே சிக்கிவிடும். ஒளி அதில் பட்டுச் சிதறுவதுதான் நீங்கள் பார்க்கும் வெள்ளை.

28 டிகிரி, 85 சதவீதம் என்றால் பனி இறங்கும் வெப்பநிலை சுமார் 25 டிகிரி. அதாவது பரப்பு வெறும் 3 டிகிரி குளிர்ந்தால் போதும், கதை முடிந்தது. வேகமாகக் காயும் டிஎஸ் மாதிரி லாக்கர் ஸ்ப்ரேக்கு 3 டிகிரி எல்லாம் ஒரு விஷயமே இல்லை. இதையே ஏசி ஓடிக் காய்ந்த அறையில், 26 டிகிரி, 55 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், பனி இறங்க 16 டிகிரிக்கு வர வேண்டும். 10 டிகிரி இடைவெளி கிடைக்கிறது.

நடுவில் அதிகம், விளிம்பில் குறைவு என்று சொன்னதும் பொருந்துகிறது. கனமாக ஈரக் கோட் விழுந்த இடம் அதிக நேரம் குளிர்ந்து கிடந்திருக்கும். கூரையிலும் பூத்துத்தான் இருக்கும். வெள்ளை மேல் வெள்ளை தெரியவில்லை, அவ்வளவுதான். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள், பளபளப்பு மங்கியிருக்கும்.

பட்டறை_மாமா:

தம்பி, நான் நிஜக் காருக்குப் பெயிண்ட் அடிக்கிறவன். மழைக்காலத்தில் என்.சி. பெயிண்ட் அடித்தால் பூக்கும், பட்டறையில் எல்லாருக்கும் தெரியும். தின்னரில் ரிடார்டர் (காய்வதைத் தாமதப்படுத்தும் திரவம்) கலந்து மேலே ஒரு மூடுபனி மாதிரி விட்டால் தானாகத் தெளிந்துவிடும். பெயிண்ட் மறுபடி இளகி, ஈரம் வெளியே போக நேரம் கிடைக்கும். கரைத்து எடுக்கிற வேலையெல்லாம் வேண்டாம்.

கோவை_ஏர்பிரஷ்:

மாமா சொல்வது முறையாகச் சரி. ஆனால் அது தகட்டுக்கு. இந்தப் பாடி பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக். ஹார்டுவேர் கடை என்.சி. தின்னர் பெயிண்டைத் தாண்டி உள்ளே இறங்கினால் பிளாஸ்டிக்கையே தின்றுவிடும். சந்தேகம் இருந்தால் ஸ்ப்ரூவில் (பாகங்கள் ஒட்டிவரும் பிளாஸ்டிக் சட்டம்) ஒரு துண்டு வெட்டி அந்தத் தின்னரில் போட்டுவிட்டு டீ குடித்துவிட்டு வாருங்கள். மேல்பக்கம் வழுவழுவென்று இளகி விரலில் ஒட்டும். மினியின் ஜன்னல் தூண்கள் எவ்வளவு ஒல்லி என்று பார்த்தீர்கள்தானே? அந்த டின்னை ஏர்பிரஷ் கழுவ வைத்துக்கொள்ளுங்கள், அதாவது என்றைக்காவது ஏர்பிரஷ் வாங்கினால்.

மாடல் வேலைக்கு மிஸ்டர் கலர் லெவலிங் தின்னர் இருக்கிறது. ரிடார்டர் அதிலேயே கலந்துதான் வரும். டிஎஸ் பெயிண்டோடு ஒத்துப்போகும். ஏர்பிரஷ் உள்ள நண்பர் யாராவது இருந்தால் அதை மட்டும் லேசாகத் தூவச் சொல்லலாம். இல்லாவிட்டாலும் கவலை இல்லை, உங்களிடம் இருக்கும் டிஎஸ்-13 கேனே போதும். புதுக் கோட்டில் உள்ள கரைப்பான் பழைய கோட்டை இளக்கும். காற்று காய்ந்திருந்தால் உள்ளே சிக்கிய ஈரம் வெளியேறிவிடும்.

பட்டறை_மாமா:

பிளாஸ்டிக் பம்பருக்குத் தனி பிரைமர் போடுவோம், நேரடியாகத் தின்னர் காட்ட மாட்டோம். சரிதான், கோவைத் தம்பி சொல்கிறபடி செய்.

ரேஸ்_பைத்தியம்:

ஹார்டனர் கலந்து அடிக்கும் 2கே கிளியருக்கு மாறுங்கள். இந்தத் தொல்லையே இருக்காது, பளபளப்பும் வேறு லெவல்.

தேக்கா_மாடல்ஸ்:

2கே பளபளப்பில் மறுபேச்சு இல்லை. ஆனால் அதன் ஹார்டனரில் இருப்பது ஐசோசயனேட். அதுவும் ஈரத்தோடு வினை புரிந்து கார்பன் டை ஆக்சைடு விடும், கிளியரில் ஊசிமுனைக் குமிழ்கள் வரும். மழைக்காலத்துக்கு அது தீர்வே இல்லை. அதைவிட முக்கியம், அது மூச்சுக்குழாயைப் பாதிக்கும், ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் ஆஸ்துமா வரை போகும். அடுக்குமாடி பால்கனியில், பக்கத்து வீட்டுத் துணி காயும் இடத்தில் அடிக்கிற பொருள் இல்லை.

டிஎஸ் கேனுக்கே கரிம ஆவி வடிகட்டும் கார்ட்ரிட்ஜ் மாஸ்க் போடுங்கள். துணி மாஸ்க் தூசியைத்தான் பிடிக்கும், வாசனையைப் பிடிக்காது.

வேளச்சேரி_மாடலர்:

சரி, கேனாலேயே முயற்சி செய்கிறேன். டீகால் மேல் மறுபடி டிஎஸ்-13 பட்டால் சுருங்கிவிடாதா? எப்போது, எப்படி அடிக்க வேண்டும் என்று வரிசையாகச் சொன்னால் நன்றாக இருக்கும்.

கோவை_ஏர்பிரஷ்:

உடனே அடிக்க வேண்டாம். பாடியை ஏசி அறையில், மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு ஒரு வாரம் வையுங்கள். அரிசி போட வேண்டாம், அதன் தவிட்டுத் தூசி ஒட்டிக்கொள்ளும். லேசாகப் பூத்தது சில சமயம் இதிலேயே பாதி தெளிந்துவிடும். மீதி எவ்வளவு என்று பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

அடிக்கிற நாளை நீங்கள் தேர்ந்தெடுக்காதீர்கள், ஈரப்பதமானி தேர்ந்தெடுக்கட்டும். சின்ன டிஜிட்டல் மீட்டர் மலிவாகவே கிடைக்கும். போனில் காட்டுவது ஊருக்கான கணக்கு, உங்கள் பால்கனிக்கானது இல்லை. 60க்குக் கீழே வந்தால் தைரியமாக அடிக்கலாம், 70க்கு மேல் என்றால் கேனை எடுக்கவே வேண்டாம். சென்னையில் நவம்பரில் வெளியே 60 கிடைப்பது கஷ்டம்தான். வெயில் அடிக்கிற நாளில் மதியம் 12லிருந்து 3க்குள் இருப்பதே குறைந்த ஈரப்பதம். மழை விட்ட சாயங்காலம்தான் இருப்பதிலேயே மோசமான நேரம்.

கேனை வெதுவெதுப்பான தண்ணீரில், கை தாராளமாகப் பொறுக்கிற சூட்டில், சில நிமிடம் நிற்க வைத்துத் துடைத்துவிட்டு நன்றாகக் குலுக்குங்கள். அழுத்தம் சீராகி, துளி நுண்மையாக வரும். கொதிநீரோ அடுப்போ வேண்டவே வேண்டாம், கேன் வெடிக்கும்.

டீகால் விஷயத்தில் உங்கள் பயம் நியாயமானது. டிஎஸ்-13 காரமான சரக்கு. கனமாக விழுந்தால் டீகால் சுருங்கும், ஓரம் கடிக்கும். ஏற்கனவே ஒரு கோட் மேலே இருப்பதால் கொஞ்சம் பாதுகாப்பு உண்டு. முதலில் டிக்கியில் மட்டும் சோதனை செய்யுங்கள், அங்கே டீகால் குறைவு. 20 செ.மீ. தூரத்திலிருந்து, பாடிக்கு வெளியே அழுத்த ஆரம்பித்து வெளியே விடுங்கள். லேசாக ஒரு தூவல், பத்துப் பதினைந்து நிமிடம் பொறுங்கள், இன்னொரு தூவல். அதன்மேல் மிதமான ஈரத்தோடு ஒன்று. அந்த ஈரக் கோட் விழும்போதே வெள்ளை கரைந்து சிவப்பு மேலே வருவது தெரியும். வந்ததும் கையை நிறுத்துங்கள். கதவு எண்களுக்குத் தூவல் மட்டும் போதும்.

தேக்கா_மாடல்ஸ்:

ஓர் எச்சரிக்கை. ஏசி அறை காய வைக்கத்தான், அடிக்க இல்லை. கேனில் உள்ள வாயு எரியக்கூடியது. ஏசியை முன்கூட்டியே ஓடவிட்டு அறையை உலர்த்துங்கள், அணையுங்கள், ஜன்னலை ஒட்டி அட்டைப்பெட்டியை வைத்து, ஜன்னலைத் திறந்து அடித்துவிட்டு உடனே பாடியை டப்பாவுக்குள் விடுங்கள். பூஜை விளக்கு, கேஸ் அடுப்பு எதுவும் பக்கத்தில் எரியக் கூடாது.

வெள்ளைக்காரன்_66:

உதவி இல்லை, சும்மா ஒரு பிடுங்கல். கூரைக்கு என்ன வெள்ளை அடித்தீர்கள்? 1964இல் மான்டே கார்லோ ராலியை பேடி ஹாப்கிர்க் ஜெயித்த 33 ஈஜேபி நம்பர் மினி, டார்ட்டன் ரெட் உடம்பும் ஓல்ட் இங்கிலிஷ் ஒயிட் கூரையும். அது பழுப்பு கலந்த வெள்ளை. டிஎஸ்-26 ப்யூர் ஒயிட் அடித்தால் குளிர்சாதனப் பெட்டி நிறமாகத் தெரியும். டிஎஸ்-7 ரேசிங் ஒயிட்தான் கிட்டே வரும்.

வேளச்சேரி_மாடலர்:

டிஎஸ்-26தான் அடித்திருக்கிறேன். இந்த மினி ஃப்ரிட்ஜாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

வேளச்சேரி_மாடலர் (பிறகு சேர்த்தது):

டப்பாவில் வைத்ததிலேயே மட்கார்டு கிட்டத்தட்டத் தெளிந்துவிட்டது. நல்ல வெயில் நாளில், மீட்டர் 58 காட்டியபோது டிக்கி, பானெட் இரண்டுக்கும் அடித்தேன். கோவை அண்ணா சொன்ன மாதிரியே, ஈரக் கோட் விழுந்ததும் வெள்ளை மறைந்து பழைய சிவப்பு வந்துவிட்டது. காய்ந்தும் அப்படியே நிற்கிறது. டீகால் சுருங்கவில்லை. பானெட் நடுவில் மட்டும் ஆரஞ்சுத் தோல் போலப் புள்ளி புள்ளியாக இருக்கிறது. இப்போது தேய்க்கலாமா?

பாலிஷ்_பிரியன்:

இப்போது என் நேரம்! இன்னும் ஒரு வாரமாவது காயட்டும். பாடியை மூக்கருகில் வைத்துப் பாருங்கள், பெயிண்ட் வாசனை வந்தால் இன்னும் காயவில்லை என்று அர்த்தம். அப்புறம் 3000லிருந்து தொடங்குங்கள், 2000 வேண்டாம். தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திர சோப்பு. புள்ளி மறைந்து ஒரே மாதிரி மங்கலானதும் நிறுத்திவிட்டு டாமியா காம்பவுண்டில் ஃபைன், கடைசியாக ஃபினிஷ்.

மினியில் ஒரு கண்ணி இருக்கிறது. பாடித் தகடுகள் சேரும் மடிப்பு இந்தக் காரில் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும், மட்கார்டுக்குப் பின்னாலும் பின்மூலைகளிலும் மேலிருந்து கீழே ஓடும். கூரையைச் சுற்றி மழைநீர் விளிம்பு வேறு. கிளியர் அந்த மேடுகளில் மெல்லியதாகத்தான் நிற்கும், தாள் இரண்டு தடவை பட்டாலே சிவப்பு போய் பிரைமர் தெரியும். எல்லா மேட்டின் மேலும் மெல்லிய மாஸ்கிங் டேப்பை ஒட்டிவிட்டுத் தேயுங்கள். துணியில் சிவப்புச் சாயம் தெரிந்தால் கிளியரைத் தாண்டிவிட்டீர்கள், அந்த நொடியே நிறுத்துங்கள்.

வேளச்சேரி_மாடலர்:

நல்ல வேளை சொன்னீர்கள், அந்த மடிப்பை நினைக்கவே இல்லை. கடைசிக் கேள்வி: ஜன்னல் ரப்பருக்குக் கறுப்பு அடிப்பது பாலிஷுக்கு முன்னாலா, பின்னாலா?

பாலிஷ்_பிரியன்:

பின்னால். முன்னால் அடித்தால் காம்பவுண்ட் அதையும் தேய்த்துப் பளபளப்பாக்கிவிடும், ரப்பர் ரப்பராகத் தெரியாது. பாலிஷ் முடிந்ததும் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள், இடுக்கில் இருக்கும் வெள்ளைக் காம்பவுண்டைப் பழைய பல் பிரஷ்ஷால் எடுத்துவிட்டு செமி கிளாஸ் கறுப்பு அடியுங்கள். எனாமல் கறுப்பு என்றால் இன்னும் வசதி, வழிந்தால் எனாமல் தின்னர் தொட்ட பட்ஸால் துடைத்துவிடலாம், கீழே இருக்கும் லாக்கருக்கு ஒன்றும் ஆகாது. அதற்கு மேல் மறுபடி டிஎஸ் கிளியர் மட்டும் அடித்துவிடாதீர்கள், எனாமல் சுருங்கிவிடும்.