கால் வைக்கும் இடத்துக்கு எல்.ஈ.டி ஸ்ட்ரிப்: ரூஃப் லைட்டோடு சேர்ந்து எரிய வைப்பது எப்படி?

ஸ்விஃப்ட்_மதுரை
வண்டி ஸ்விஃப்ட், வாங்கி ஒரு வருஷம். கதவைத் திறந்தா ரூஃப் லைட் எரியுது, ஆனா கீழே நாலு பக்கமும் கும்மிருட்டு. ரூஃப் லைட் எரியும்போது எரிஞ்சு, அணையும்போது அணையுற மாதிரி நாலு இடத்திலயும் ஸ்ட்ரிப் ஒட்டணும். கையில இருக்கிறது 5050 ரோல் (இந்த நம்பர் எல்.ஈ.டி சிப்போட அளவு), 12 வோல்ட், மீட்டருக்கு 60 எல்.ஈ.டி. அக்சஸரீஸ் கடையில வயரை வெட்டி ஜாயின்ட் போட்டுத் தரேங்கிறாங்க. வெட்டாம முடியுமா? கரண்ட் எங்கிருந்து எடுக்கலாம்?

ஃப்யூஸ்_பாக்ஸ்
வெட்ட விடாதீங்க. நாளைக்கு வேற ஏதாவது எலக்ட்ரிக்கல் கோளாறு வந்தாலும் சர்வீஸ் சென்டர்ல அந்த ஜாயின்ட்டைத்தான் முதல்ல காட்டுவாங்க.

முதல்ல ரோலை மாத்துங்க. 5050 மீட்டருக்கு 1.2 ஆம்பியர் இழுக்கும். ஒரு இடத்துக்கு 30 செ.மீ. வச்சா நாலுக்கும் 1.2 மீட்டர், கிட்டத்தட்ட ஒன்றரை ஆம்பியர். காலடிக்கு அவ்வளவு வெளிச்சம் கண்ணைத்தான் கூசும். சின்ன சிப் உள்ள, மீட்டருக்கு 4.8 வாட் இழுக்கிற 3528 ரோல் வாங்குனா அதே நீளத்துக்கு அரை ஆம்பியர்தான். நிறம் வார்ம் ஒயிட் போதும்.

இப்போ ரூஃப் லைட் மூடியைக் கழட்டி உள்ளே இருக்கிற பல்பைப் பாருங்க. வாட் அதிலேயே எழுதியிருக்கும், பெரும்பாலும் 8 அல்லது 10. அதே நீளமுள்ள, ஒரு வாட் சுமாருக்கு உள்ள எல்.ஈ.டி பல்பைப் போட்டுட்டா மிச்சமாகிற லோடுல உங்க நாலு ஸ்ட்ரிப்பும் அடங்கிடும். பல்ப் மாட்டுற ரெண்டு உலோக நாக்குலயும் ஆளுக்கொரு வயரைப் பிடிச்சு எடுத்தா வேலை முடிஞ்சது. பிளஸ் வயர்ல, நாக்கை ஒட்டியே, 1 ஆம்பியர் இன்லைன் ஃப்யூஸ் (வயர் நடுவுல மாட்டுறது) கட்டாயம். வயர் 0.5 சதுர மி.மீ. தாராளம். நாலு ஸ்ட்ரிப்பையும் பேரலலா, அதாவது பிளஸ் எல்லாம் ஒண்ணா, மைனஸ் எல்லாம் ஒண்ணா இணைக்கணும்.

புது பல்ப் எரியலைன்னா திருப்பிப் போடுங்க, எல்.ஈ.டிக்கு பிளஸ் மைனஸ் உண்டு.

மீட்டர்_கை
மேலே சொன்னது சரியான வழி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். ஸ்ட்ரிப்பில் 12 வோல்ட் என்று போட்டிருந்தாலும் இன்ஜின் ஓடும்போது வண்டியில் 14 முதல் 14.4 வரை இருக்கும். ஸ்ட்ரிப்பில் மூன்று எல்.ஈ.டியும் ஒரு ரெசிஸ்டரும் ஒரு கூட்டம். எல்.ஈ.டி மூன்றும் சேர்ந்து 9.6 வோல்ட் அளவுக்குத் தின்றுவிடும்; மிச்சம் 2.4 வோல்ட்தான் ரெசிஸ்டர் மேல். 14.4 வந்தால் அந்த 2.4 என்பது 4.8 ஆகிறது, கரண்டும் இரட்டிப்பை நெருங்குகிறது. சில மாதங்களில் மும்மூன்றாக எல்.ஈ.டி செத்துப் போவதற்கு இதுதான் காரணம். பிளஸ் வயரில் 1என்4007 டயோடு (கரண்டை ஒரே திசையில் மட்டும் விடும் உறுப்பு) இரண்டைத் தொடராகப் போட்டால் ஒன்றரை வோல்ட் வரை குறையும். டயோடில் உள்ள வெள்ளைக் கோடு ஸ்ட்ரிப் பக்கம் இருக்க வேண்டும். பத்து ரூபாய்கூட ஆகாத வேலை இது.

5050-தான் வேண்டும் என்றால் ரூஃப் லைட்டில் அந்த லோடை ஏற்றாதீர்கள். ஃப்யூஸ் டேப்பிலிருந்து (ஃப்யூஸ் பாக்ஸில் ஒரு ஃப்யூஸின் இடத்தில் செருகி, பழைய ஃப்யூஸோடு இன்னொரு ஃப்யூஸும் வயரும் சேர்க்க உதவும் துண்டு) தனி லைன், 3 ஆம்பியர் ஃப்யூஸ், நடுவே ரிலே (சிறு கரண்டால் இயங்கும் ஸ்விட்ச்) என்று போக வேண்டும். ஃப்யூஸ் டேப்பை எந்தப் பக்கம் செருகுவது என்பதில்தான் பலரும் தவறுவார்கள். பழைய ஃப்யூஸைக் கழற்றிவிட்டு, புது ஃப்யூஸ் மட்டும் போட்டுச் செருகிப் பாருங்கள். வயரில் 12 வோல்ட் வந்தால் சரி, வராவிட்டால் திருப்புங்கள். ஆனால் ரூஃப் லைட் மெதுவாக மங்கி அணையும் வண்டியாக இருந்தால் அந்த நேரத்தில் ரிலே கடகடவென்று அடிக்கும். அதனால் நானும் முதல் வழியைத்தான் சொல்வேன்.

ஸ்விஃப்ட்_மதுரை
3528 வாங்கிடறேன். ரூஃப்ல இருந்து கீழே வயரை எப்படி இறக்குறது? ஏர்பேக் பயமா இருக்கு.

ட்ரிம்_கிளிப்
பயம் நல்லதுதான். 10-ம் நம்பர் ஸ்பேனரால் பேட்டரி நெகட்டிவைக் கழட்டி, சில நிமிஷம் விட்டு ஆரம்பிங்க. மஞ்சள் கனெக்டர், மஞ்சள் ஸ்லீவ் எது கண்ணில் பட்டாலும் கை வைக்கக் கூடாது. கர்ட்டன் ஏர்பேக் உள்ள வண்டின்னா முன் கண்ணாடி ஓரத் தூணுக்குள்ள அது மடிஞ்சு இருக்கும். வயர் அதுக்குப் பின்னால, கம்பெனி வயரிங்கோட ஒட்டிக் கேபிள் டை போட்டு இறங்கணும். முன்னால குறுக்கே போனா ஏர்பேக் விரியும்போது மாட்டிக்கும்.

பின் சீட் பக்கத்துக்கு, கதவடி பிளாஸ்டிக் பட்டையைத் தூக்கி அதுக்குக் கீழே ஓட்டுங்க. ஸ்ட்ரிப்பை முன் சீட்டின் அடியில ஒட்டுறீங்கன்னா சீட்டை முழுசா முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்து, இழுபடாத அளவு வயர் தளர்வா விடுங்க.

டிரைவர் பக்கம் பெடல் மேல ஒரு வயர்கூடத் தொங்கக் கூடாது. 20 செ.மீ.க்கு ஒரு டை. ஸ்ட்ரிப்போட வர்ற பசையை நம்பாதீங்க, வெயில்ல நிறுத்தின வண்டியில உரிஞ்சு தொங்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலால துடைச்சு, நல்ல இரட்டைப் பக்க டேப்பும், ரெண்டு முனையிலயும் டையும். கறுப்பு பிவிசி டேப் வேண்டாம், சூட்டுல பசை ஒழுகும், துணி டேப்தான். கிளிப் கனெக்டர் குலுக்கல்ல கழண்டுடும், சோல்டர் வச்சு ஹீட் ஷ்ரிங்க் (சூடு காட்டினா சுருங்கி ஜாயின்ட்டை மூடுற குழாய்) போட்டுடுங்க.

மீட்டர்_கை
எல்லாம் முடிந்து, கதவு பூட்டிய பிறகும் ஸ்ட்ரிப் லேசாக மினுங்கினால் பதறாதீர்கள். ரூஃப் லைட்டை இயக்கும் கன்ட்ரோல் யூனிட்டிலிருந்து கசியும் மிகச் சிறிய கரண்டுக்கே எல்.ஈ.டி எரிந்துவிடும், பழைய பல்ப் அதைக் காட்டிக்கொடுத்திருக்காது. பல்ப் நாக்கு இரண்டுக்கும் குறுக்கே 1 கிலோ ஓம், அரை வாட் ரெசிஸ்டர் ஒன்று வைத்தால் நின்றுவிடும். கால் வாட் சூடாகும், வேண்டாம்.