கொல்லிமலை இறக்கத்தில் ஸ்கூட்டர் பிரேக்: எது நிஜம், எது பயமுறுத்தல்?

கேட்டவர்: காரவள்ளி_பயணி

110 சிசி ஸ்கூட்டர், முன்னும் பின்னும் டிரம் பிரேக். மனைவியோடு காரவள்ளி வழியாகக் கொல்லிமலை போகத் திட்டம். ஏறுவதில் கவலையில்லை. 70 கொண்டை ஊசி வளைவும் இறங்குவதற்குள் பிரேக் கருகிய வாடை வரும், லிவரைக் கைப்பிடி வரை இழுத்தாலும் வண்டி நிற்காது என்கிறார்கள். கியர் இல்லாத வண்டியில் இன்ஜின் பிரேக்கிங்கே (ஆக்சிலேட்டரை மூடினால் இன்ஜினே வேகத்தைக் குறைப்பது) கிடையாது, இறக்கத்தில் முன் பிரேக்கைத் தொடவே கூடாது என்றும் சொல்கிறார்கள். இதில் எதை நம்புவது? கிளம்புமுன் மெக்கானிக்கிடம் எதையெல்லாம் பார்க்கச் சொல்ல வேண்டும்?

பதில்: கிரீஸ்கை

வாடை, லிவர் இரண்டும் உண்மைதான். டிரம் (சக்கரத்தோடு சுற்றும் கிண்ணம்) சூடானால் விரியும். உள்ளிருந்து உரசி நிறுத்தும் ஷூவுக்கும் டிரம் சுவருக்கும் நடுவில் இடைவெளி கூடுவதால் லிவர் அதிக தூரம் வரும். ஷூ லைனிங்கும் சூட்டில் பிடிமானத்தை இழக்கும். இரண்டும் சேர்ந்தால் நீங்கள் கேள்விப்பட்டது அப்படியே நடக்கும்.

கிளம்புமுன் இதைப் பாருங்கள். பின் சக்கரத்தில் பிரேக் கேபிள் வந்து சேரும் இரும்புக் கையின் அடியில் சின்ன அம்புக்குறி இருக்கும். ஒருவர் பிரேக்கை முழுக்கப் பிடிக்க, இன்னொருவர் குனிந்து பார்க்க வேண்டும். அம்பு, டிரம் மூடியில் உள்ள குறியைத் தொட்டுவிட்டால் ஷூ ஆயுள் முடிந்தது. அப்போது நட்டைத் திருகி டைட் வைத்துச் சமாளிக்கக் கூடாது, ஷூவை மாற்ற வேண்டும். முன் பக்கமும் இதே சோதனைதான்.

லிவர் நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் ப்ளே (பிரேக் பிடிக்குமுன் லிவர் சும்மா நகரும் தூரம்) வேண்டும். மலைக்குப் போகிறோம் என்று நல்லா டைட் வைத்துக் கொடுங்க என்று கேட்பவர்கள் நிறைய. ப்ளே இல்லாவிட்டால் ஷூ உரசிக்கொண்டே ஓடும், இறங்க ஆரம்பிக்கும்போதே டிரம் சூடாக இருக்கும். சென்டர் ஸ்டாண்டில் போட்டுச் சக்கரத்தைச் சுற்றிவிடுங்கள். உரசல் சத்தம் இல்லாமல் சுற்ற வேண்டும். கேபிள் நுனியில் ஒரு இழை பிரிந்திருந்தாலும் மாற்றுங்கள்.

காற்று: வண்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருவருக்கான அளவு தனியாக இருக்கும். பின் டயருக்கு அதை வையுங்கள். சும்மா 30 அடிங்க என்று சொல்லிவிட்டு வராதீர்கள்.

டிஸ்க் பிரேக் வண்டிக்காரர்களுக்கு: உங்கள் சிக்கல் பிரேக் ஆயில். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 என்ற தர வகை ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறினால் அந்த வரம்பு 140 ஆகிவிடும். டாட் 4-க்கு 230, 155. கொதித்தால் குழாயில் குமிழி, லிவர் பஞ்சு மாதிரி அமுங்கும். 2 வருடத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றியிருந்தால் இந்தப் பயம் வேண்டாம்.

பதில்: மலைப்பாதை

கிரீஸ்கை அண்ணன் வண்டியைச் சொல்லிவிட்டார், ஓட்டுவதைப் பற்றி நான்.

ஸ்கூட்டரில் இன்ஜின் பிரேக்கிங் உண்டு, ஆனால் குறைவு. ஒரு கண்டிஷனும் உண்டு. பின் சக்கரத்துக்குச் சக்தி போவது வேகம் கூடினால் தானாகப் பிடிக்கும் க்ளட்ச் வழியாக. ஆக்சிலேட்டரை மூடி வண்டி ஆள் ஓடும் வேகத்துக்கு இறங்கிவிட்டால் அந்தக் க்ளட்ச் விட்டுவிடும். அதன் பிறகு வண்டி சைக்கிள் மாதிரிதான், சரிவில் வேகம் ஏறிக்கொண்டே போகும். வளைவை முடித்து வண்டி நிமிர்ந்ததும் ஆக்சிலேட்டரை ஒரு நொடி லேசாகத் திருகி மூடுங்கள். க்ளட்ச் பிடித்து, இன்ஜின் வண்டியை இழுத்துப் பிடிப்பது தெரியும். வளைவின் நடுவில் இதைச் செய்யாதீர்கள், வண்டி உதறும்.

முன் பிரேக்கைத் தொடாதே என்பதுதான் இருப்பதிலேயே ஆபத்தான அறிவுரை. இறக்கத்தில் எடை முன் சக்கரத்துக்குப் போய்விடும், பின் சக்கரம் லேசாகும். பின் பிரேக்கை மட்டும் அழுத்தினால் அது பூட்டிக்கொண்டு பக்கவாட்டில் இழுக்கும். இரண்டையும் சேர்த்து, முதலில் மெதுவாக, பிறகு அழுத்தமாக. எல்லாம் வளைவுக்கு முன்னால், ஹேண்டில் நேராக இருக்கும்போதே முடிந்துவிட வேண்டும். ஹேண்டிலைத் திருப்பியபடி மணல் மேல் முன் பிரேக்கைச் சட்டென்று பிடிப்பவர்கள்தான் விழுகிறார்கள். ஏப்ரல் 2019-க்குப் பிறகு வந்த 125 சிசி வரையான ஸ்கூட்டர்களில் பெரும்பாலும் பின் பிரேக்குக்கான இடது லிவரே முன் பிரேக்கையும் கொஞ்சம் இழுக்கும். அது இருக்கிறதே என்று வலது லிவரை மறக்க வேண்டாம்.

பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்தால் சூடே வராது என்று சிலர் சொல்வதும் மிகை. அதே சராசரி வேகத்தில் இறங்கினால் பிரேக் தாங்க வேண்டிய சூடு ஏறக்குறைய ஒன்றுதான். சூட்டைக் குறைப்பது இன்ஜினும் ஓய்வும். விட்டுப் பிடிப்பதில் வேறு லாபம் இருக்கிறது: லிவர் எவ்வளவு தூரம் வருகிறது என்று ஒவ்வொரு முறையும் கைக்குத் தெரியும். வழக்கத்தைவிட உள்ளே வந்தால் அடுத்த அகலமான இடத்தில் ஓரங்கட்டி 15, 20 நிமிடம் நிறுத்துங்கள். வாடை வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

காரவள்ளி_பயணி

நன்றி அண்ணா. நிறுத்தும்போது டிரம்மில் தண்ணீர் ஊற்றலாமா? பெட்ரோல் மிச்சம் என்று நண்பர்கள் பைக்கை நியூட்ரலில் இறக்குகிறார்கள், அது சரியா?

பதில்: கிரீஸ்கை

தண்ணீர் வேண்டாம். சூட்டில் ஊற்றினால் டிரம்மோ டிஸ்க்கோ கோணிக்கொள்ளும், உள்ளே தண்ணீர் போனால் ஷூ வழுக்கும். கையாலும் தொடாதீர்கள்.

நியூட்ரல் வேண்டவே வேண்டாம். பெட்ரோல் கணக்கே தப்பு. பிஎஸ்6 புகை விதிப்படி வந்த பைக்குகளில் பெரும்பாலும் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன். கியரில் இருந்தபடி ஆக்சிலேட்டரை மூடினால் இன்ஜெக்டர் பெட்ரோலை நிறுத்திவிடும், நியூட்ரலில்தான் ஐட்லிங்குக்குக் குடிக்கும். எந்த கியரில் ஏறினார்களோ அதே கியரில் இறங்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் இரண்டாவது. வளைவில் க்ளட்சைப் பிடித்தபடி போவதும் நியூட்ரலும் ஒன்றுதான்.

பதில்: டெப்போக்காரன்

பஸ்ஸைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. ஏறி வரும் பஸ்ஸுக்கு அந்த வளைவு முழுவதும் வேண்டும். சரிவில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிறவர் வழிவிட வேண்டும் என்பது 2017 ஓட்டுநர் ஒழுங்குமுறையிலும் இருக்கிறது. ஹாரன் கேட்டதும் வளைவுக்கு முன்பே, நேரான இடத்தில் இடது ஓரம் நில்லுங்கள். வளைவின் உள்பக்கம் புகுந்து நிற்பதுதான் பெரிய தப்பு: பஸ்ஸின் முகம் உங்களைத் தாண்டிவிடும், ஆனால் பின் சக்கரம் முன் சக்கரம் போன தடத்தில் வராது, உள்பக்கமாக அறுத்துக்கொண்டு வரும். டிரைவருக்கு நீங்கள் அங்கே நிற்பதே தெரியாது.

இறங்கும்போது இடது வளைவுகளில் நீங்கள் உள்பக்கம். சரிவு அங்கேதான் செங்குத்து. ஓரத்தை ஒட்டிப் போகாமல் உங்கள் பாதியின் நடுவில் திரும்புங்கள். வலது வளைவில் குறுக்கே வெட்டாதீர்கள், எதிரே வருவது அங்கேதான் வரும். பின்னால் உட்காருபவர் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொள்ளட்டும், இல்லையென்றால் ஒவ்வொரு பிரேக்குக்கும் அவர் எடை உங்கள் முதுகில் சாய்ந்து ஹேண்டிலுக்கு வரும். ஹெல்மெட் இருவருக்கும்.

பதில்: பெடல்மணி

இந்த இழையைச் சைக்கிள்காரர்களும் படிப்பார்கள், அதனால் ஒரு வரி: ரிம் பிரேக் சைக்கிளில் சூடு ரிம்முக்கே போகும், அங்கிருந்து ட்யூபுக்கு. நீண்ட இறக்கத்தில் ட்யூப் வெடிக்கக் காரணம் அதுதான். நிறுத்தும்போது ரிம்மிலிருந்து ஒரு அங்குலம் தள்ளிக் கையை வையுங்கள், அனல் அடித்தால் ஆறும்வரை கிளம்பாதீர்கள். பிரேக் கட்டையில் பதிந்த அலுமினியத் துகளை ஊசியால் எடுத்துவிட்டுக் கிளம்புங்கள். வளைவில் உள்பக்கப் பெடல் மேலே, வெளிப்பக்கக் கால் கீழே, எடை அந்தக் காலில்.